விடைக்கோழியின் கழுத்துக்குக் கீழே ஒரு வீக்கம்

ஜோகுபாளையம்,
ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொரு மணி.

மரியாதைக்குரிய சம்பந்தி யசோதா அம்மா அவர்களுக்கு, பார்கவியின் அப்பா கோவிந்தப்பா கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் பார்கவியும் கடவுள் புண்ணியத்தில் சௌக்கியம். தங்கவயலில் தாங்களும் வீட்டில் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மாப்பிள்ளை ரவிக்குமார் நேற்று பொம்மனஹள்ளியிலிருந்து வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார், அவரும் சௌக்கியம். இந்த இடத்தில் கோழியும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை.

தினமும் போனில் பேசுகிறவன் எதற்காகக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். போனில் என்னால் பொய் மட்டும்தான் சொல்ல முடிகிறது. எட்டு ஒன்பது நாளாக நீங்கள் கூப்பிட்டு, கோழி எப்படி இருக்கிறது என்று கேட்கும்போதெல்லாம் "சூப்பரா இருக்குதும்மா" என்று சொல்லிவிட்டு, போனை வைத்ததும் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வருகிறேன். காகிதத்தில் எழுதினால் நான் உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, நீங்களும் என் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அதனால் எழுதுகிறேன்.

வளைகாப்பு அன்று பந்தியில் வைத்து நீங்கள் கேட்டதை நான் மறக்கவில்லை. என் வனஜா போய் மூன்று வருஷம் ஆகிறது, பெண்துணை இல்லாத வீட்டில் தலைப்பிரசவம் எப்படிப் பார்ப்பீர்கள், பார்கவி எங்களோடு தங்கவயலுக்கே வந்துவிடட்டும் என்று நீங்கள் தன்மையாகத்தான் சொன்னீர்கள். எனக்குத்தான் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. முதல் பிரசவம் தாய் வீட்டில்தான், தாய் இல்லாவிட்டால் தகப்பன் வீட்டில், முப்பத்து மூன்று வருஷம் ஃபேக்டரியில் மெயின்டனன்ஸ் ஃபிட்டராக இருந்தவன், நான் பார்க்காத ரிப்பேரா என்று நாலு பேர் முன்னால் பேசிவிட்டேன். பிரசவம் ரிப்பேர் இல்லை என்று அப்போதே யாராவது எனக்கு எடுத்துச் சொல்லியிருக்கலாம். நீங்கள் ஒயர் கூடையிலிருந்து அந்தக் கறுப்பு விடைக்கோழியை எடுத்து என் கையில் கொடுத்து, இன்னும் முட்டை வைக்காத கோழி, பிள்ளை பெற்றவளுக்குப் பத்திய ரசம் வைக்கவென்றே வளர்த்தது, அதுவரைக்கும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றீர்கள். எனக்கு அது கோழியாகத் தெரியவில்லை, பரீட்சைப் பேப்பராகத் தெரிந்தது. இதில் பாஸ் பண்ணினால் பார்கவி இங்கே, ஃபெயில் ஆனால் அங்கே என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

முதல் தப்பு மரியாதையால் வந்தது. சம்பந்தி வீட்டுக் கோழியைச் சிமெண்டுத் தரையில் படுக்க வைப்பதா என்று, நான் படுத்திருந்த பழைய தேங்காய் நார் மெத்தையைக் கிழித்துப் பின்கட்டில் அதற்குப் படுக்கை போட்டேன். நாலாம் நாள் பார்த்தால் படுக்கை பாதியாக இளைத்திருந்தது, கோழியின் அலகில் ஒரு நார் தொங்கிக்கொண்டிருந்தது. பதறிப்போய் அதைத் தூக்கியபோதுதான் கழுத்துக்குக் கீழே, நெஞ்சில், எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம் கையில் தட்டுப்பட்டது. அமுக்கினால் பிசைந்த சப்பாத்தி மாவு மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டு ஜூலியா கோழி வளர்த்துப் பழகியவள். மதில் மேலே எட்டிப் பார்த்து, அது தீனிப் பை அங்கிள், கோழி தின்பதெல்லாம் முதலில் அங்கேதான் போய்த் தங்கும், சாயங்காலத்தில் நிறைந்துதான் இருக்கும், விடிவதற்குள் செரித்துக் காலியாகிவிடும், காலையில் பாருங்கள் என்றாள். காலையில் தீனி போடும் முன்னால் பார்த்தேன். எலுமிச்சம்பழம் இருந்த இடத்திலேயே இருந்தது. நார் போய் அடைத்துக்கொண்டது என்று தீர்மானித்துவிட்டேன். கோழி என்னவோ வழக்கம்போல ஓடிக்கொண்டும் கொத்திக்கொண்டும்தான் இருந்தது. ஆனால் உள்ளே அடைப்பு உள்ள பைப் லைன் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கும் என்பது என் சர்வீஸில் கண்ட அனுபவம். அந்த அனுபவத்தை நான் ஃபேக்டரியிலேயே விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும்.

ஜூலியா சொன்ன வைத்தியம் சுலபமானது. ஒரு நாள் தீனி கிடையாது, தண்ணீர் மட்டும். பிறகு அலகின் ஓரமாகச் சொட்டுச் சொட்டாகக் கொஞ்சம் தேங்காய் எண்ணெய், அப்புறம் அந்த இடத்தை மெதுவாக நீவிவிட வேண்டும். என்ன ஆனாலும் தலைகீழாக மட்டும் பிடிக்கக் கூடாது. இந்தக் கடைசி வாக்கியத்தை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நான் வைத்துக்கொள்ளவில்லை. பட்டினி போட்ட அன்று கோழி சமையலறை வாசலில் வந்து நின்று என்னைப் பார்த்துக் கத்தியது. பார்கவி சாப்பிட உட்கார்ந்ததும் அவள் தட்டைப் பார்த்துக் கத்தியது. வாயும் வயிறுமாக இருக்கிறவள் ஒரு பட்டினி ஜீவன் எதிரில் எப்படிச் சாப்பிடுவது என்று அவளும் தட்டைத் தள்ளிவிட்டாள். ஆக, உங்கள் மருமகளை எட்டாம் மாதத்தில் நான் ஒரு வேளை பட்டினி போட்டிருக்கிறேன், இதையும் என் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது எண்ணெய். சொட்டு அளவாக விழ வேண்டுமே என்று என் பழைய ஆயில் கேனைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவி, அதன் நீள மூக்கால் விட்டேன். கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு கையால் நீவிக்கொண்டிருந்தபோது நீங்கள் வீடியோ காலில் வந்தீர்கள். செவ்வாய்க்கிழமை, உங்களுக்கு ஞாபகம் இருக்கும். உங்களுக்கு என் முகம் மட்டும்தான் தெரிந்தது, அதற்குக் கீழே உங்கள் கோழி இருந்தது. கோழியைக் கொஞ்சம் காட்டுங்களேன் என்று கேட்டீர்கள். மொட்டை மாடியில் மேய்கிறது என்றேன். அந்த நேரம் பார்த்து அது தும்மியது. எனக்குத்தான் சளி பிடித்திருக்கிறது என்று நினைத்து, மிளகு எத்தனை, சுக்கு எவ்வளவு, எத்தனை கொதி என்று பத்து நிமிஷம் கஷாயத்துக்குச் செய்முறை சொன்னீர்கள். அந்தப் பத்து நிமிஷமும் என் பனியனுக்குள் எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. போனை வைத்ததும் நீங்கள் சொன்னபடியே கஷாயம் வைத்துக் குடித்தேன். சளி இல்லாதவன் குடித்தால் அது என்னவோ தொண்டையில் இறங்க மாட்டேன் என்கிறது. அந்த அக்கறைக்கு நான் அருகதை இல்லாதவன், சம்பந்தி அம்மா.

வியாழக்கிழமை வரை நீவியும் வீக்கம் ஒரு இம்மிகூடக் குறையவில்லை. அப்போதுதான் எனக்குள்ளே இருந்த ஃபிட்டர் எழுந்துகொண்டான். ஒரு பைப்பில் அடைப்பு என்றால் எந்த முனை கிட்டே இருக்கிறதோ அந்த வழியாக வெளியே எடுப்பதுதான் முறை. கோழிக்குக் கிட்டே இருப்பது வாய். ஜூலியா வேலைக்குப் போகிற நேரம் வரைக்கும் காத்திருந்து (தப்பு என்று தெரிந்துதான் காத்திருந்தேன், இதையும் மறைக்கவில்லை), கோழியின் இரண்டு கால்களையும் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி நெஞ்சை அமுக்கினேன். புளித்த மோர் நாற்றத்தோடு கொஞ்சம் தண்ணீர் வந்தது. பார்த்தாயா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இன்னொரு தடவை அமுக்கினேன். தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டது போலிருக்கிறது. கோழி ஒரு தரம் இழுத்தது, இறக்கையைத் தொங்கப் போட்டது, கண்ணை மூடிவிட்டது. ஐயோ போயிடுச்சே என்று நான் அலறியிருக்கிறேன், எது போயிற்று என்று சொல்லவில்லை. கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த பார்கவி ஓடிவந்து என்னையும் என் கையில் தொங்குவதையும் பார்த்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு துவைக்கிற கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பா, வலிக்குதுப்பா" என்றாள்.

ஆட்டோ பிடித்தேன், அவளை ஏற்றினேன், நானும் ஏறினேன். ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகவென்று ஃபைல், ஸ்கேன் ரிப்போர்ட், மாற்றுத்துணி எல்லாம் போட்டு வளைகாப்பு முடிந்ததிலிருந்தே ஒரு பையைக் கதவு ஆணியில் மாட்டி வைத்திருந்தேன். அது ஆணியிலேயே இருந்தது. என் கையில் துண்டில் சுற்றிய கோழி இருந்தது. எப்போது சுற்றினேன், எதற்காக அதைத் தூக்கிக்கொண்டு ஏறினேன் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. பிரசவ வார்டு வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் துண்டைப் பார்த்துவிட்டு, பாவம், வழியிலேயே பிறந்துவிட்டதா என்று எழுந்து வந்து, ஆணா பெண்ணா என்று துண்டை விலக்கினார். கோழி அந்த நேரத்தில்தான் கண்ணைத் திறந்தது. அந்த அம்மாள் போட்ட சத்தத்தில் நர்ஸ் ஓடி வந்து, "ஏன் சார் இது, கோளி தந்திதீரா?" என்று கன்னடத்தில் கேட்டார். ஆமாம் மேடம், கோழி கொண்டுவந்திருக்கிறேன் என்று நானும் கன்னடத்திலேயே பணிவாகச் சொன்னேன். வேறு என்ன சொல்வது? செக்யூரிட்டி என் தோளில் கைபோட்டு, நல்ல மாதிரியாகவே கேட்டுக்கு வெளியே கொண்டுபோய் விட்டார். உள்ளே டாக்டர் பார்த்த முக்கால் மணி நேரமும் என் மகள் தனியாக இருந்தாள். நான் ரோட்டில் கோழியோடு நின்றேன். வனஜா இருந்திருந்தால் அவள் பக்கத்தில் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பாள். மற்றதெல்லாம் போகட்டும், இது மட்டும் எனக்கு ஆறவே இல்லை.

டாக்டர், அது பொய் வலிதான், பயத்தில் வந்தது, குழந்தை நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார். திரும்பி வரும்போது பார்கவி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கோழியைக் கேட்டு வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து தயிர் சாதம் வைத்தாள், அது பசியோடு தின்றது. பிழைத்துக்கொண்டது, ஆனால் என் காலடிச் சத்தம் கேட்டாலே கொய்யா மரத்தில் ஏறிவிடுகிறது. நேற்று மாப்பிள்ளை அதைப் பார்த்து, என்ன மாமா மரத்தில் கோழி என்று கேட்டார். காற்றோட்டத்துக்காக என்று சொல்லிவைத்தேன். அவரிடமும் ஒரு பொய் ஆயிற்று.

வீக்கம் மட்டும் அப்படியேதான் இருக்கிறது. இன்று காலையிலும் பார்கவியிடம் கோழியைப் பிடித்துப் பார்க்கச் சொன்னேன், குறையவில்லை. நான் ஃபெயில், சம்பந்தி அம்மா. நீங்கள் ஒரு கோழியை நம்பிக் கொடுத்தீர்கள், அதை இரண்டு வாரம்கூட ஒழுங்காகப் பார்த்துக்கொள்ள என்னால் முடியவில்லை. பச்சை உடம்புக்காரியையும் ஒரு சிசுவையும் நான் எப்படிப் பார்ப்பேன்? ஆகையால் ரோஷத்தை எடுத்து வைத்துவிட்டு எழுதுகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையைக் கார் கொண்டுவரச் சொல்லி, பார்கவியைத் தங்கவயலுக்கு அழைத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் பேசியதை அதே நாலு பேர் முன்னால் வாபஸ் வாங்கிக்கொள்ளவும் தயார். வாரம் ஒரு தடவை ரயிலேறி வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போக மட்டும் எனக்கு அனுமதி கொடுங்கள். நான் எதையும் தொட மாட்டேன்.

வீட்டில் எல்லோரையும் நான் விசாரித்ததாகச் சொல்லவும். பிறக்கப்போகிற குழந்தைக்கு, அது எந்த வீட்டில் பிறந்தாலும், இந்தத் தாத்தாவின் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. பிழைகளைப் பொறுத்தருளவும், எழுத்துப் பிழைகளைச் சொல்லவில்லை.

இப்படிக்கு,
நிமிர்ந்து பார்க்க முகமில்லாத
கோவிந்தப்பா.

பின்குறிப்பு: கவரை ஒட்டி முடித்து, பின்கோடு தெரியாமல் பார்கவியிடம் கேட்டேன். அத்தை வீட்டுக்கு எதற்கு லெட்டர் என்று வாங்கிக் கிழித்து, நின்றபடியே படித்தாள். முடித்ததும் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் உங்களுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்து, முதல் வரியிலிருந்து என் கையெழுத்து வரைக்கும் வாசித்துவிட்டாள். ஆகவே மேலே உள்ளதெல்லாம் உங்களுக்குப் பழைய சேதி. நான் ஓடிப்போய்ச் சமையலறையில் நின்றுகொண்டேன். நீங்கள் சிரிப்பீர்கள் அல்லது திட்டுவீர்கள் என்று பார்த்தேன். லைன் போய்விட்டதோ என்று பார்கவி அத்தை அத்தை என்று கூப்பிட்ட பிறகு நீங்கள் சொன்னது எனக்கு அப்படியே மனப்பாடம் ஆகிவிட்டது.

"அதுக்குக் குஞ்சா இருந்தப்பலேருந்தே அந்தப் பை தொங்கிக்கிட்டுதாம்மா இருக்குது. ஒடம்புக்கு ஒண்ணுமில்ல, நல்லா திங்கும். கொற உள்ள கோழியத் தள்ளிவிட்டுட்டாங்கன்னு உங்கப்பா நெனச்சிடுவாரோன்னு வெக்கப்பட்டுக்கிட்டு நான் சொல்லாம விட்டுட்டேன். தெனம் போன் பண்ணிக் கேட்டதே, அவரு பார்த்துட்டாரான்னு தெரிஞ்சுக்கத்தான்."

நீங்கள் அழுதீர்கள் என்று பார்கவி பிறகு சொன்னாள். நான் இங்கே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குக் கோபம் வரவில்லை, சம்பந்தி அம்மா. உங்களுக்கும் வெட்கம் இருந்தது என்று தெரிந்ததும் ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது, அதற்காக அடுத்த நிமிஷமே வெட்கமாகவும் இருந்தது. அப்புறம் நீங்கள் சின்னக் குரலில், பிள்ளை பிறந்ததும் ஒரு மாதம் ஜோகுபாளையத்துக்கு வந்து கூட இருக்கட்டுமா, உங்கப்பா தப்பா எடுத்துக்க மாட்டாரே என்று பார்கவியிடம் கேட்டீர்கள். தப்பா எடுத்துக்கொள்வதா? கட்டிலை உங்களுக்குக் கொடுத்துவிட்டு நான் முன்னறையில் படுத்துக்கொள்கிறேன். தயவுசெய்து வாருங்கள்.

நீங்கள் கேட்டது என் மகளின் குரலில். மன்னிப்பு என் கையெழுத்திலும் உங்களிடம் இருக்க வேண்டும் என்பதால் இதை வேறு கவரில் போட்டு அனுப்புகிறேன். வந்து சேர்ந்ததும், பார்கவியை அழைத்துக்கொண்டு போகும்படி நான் எழுதியிருக்கிற அந்த ஒரு பாராவை மட்டும் படிக்காமல் தாண்டிவிடுங்கள். அதை எழுதும்போது எனக்கு மனசே இல்லை.