ஏரியல் ஏட்டு சுரண்டிய ஜீப்

தஞ்சாவூர் ஜில்லாவிலேயே தென்னை மரத்தைப் பகையாளியாக நினைத்த ஒரே மனிதர் ஏரியல் ஏட்டுதான். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. போலீஸ் வயர்லெஸ் பிரிவைச் சேர்ந்த அவருக்கு, ஜீப்பில் நிற்கும் ஏரியல் கம்பியை ஒரு கீற்று உரசினாலும் பொறுக்காது.

பத்திரிகைக்கு எழுத வருவதற்கு முன் நான் கீழ்வேளூர்ப் பக்கம் போலீஸ் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தேன். கழக ஆட்சி வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. குறுவை அறுப்பு வந்தால் கூடவே கூலித் தகராறும் வரும். அது கொலையிலும் தீவைப்பிலும் போய் முடியக்கூடும் என்பதை அந்தப் பக்கத்து ஜனங்கள் ஏற்கெனவே பார்த்திருந்தார்கள். உள் கிராமங்களுக்கு டெலிபோன் கிடையாது. அதனால் எங்கள் ஜீப்புக்கு வயர்லெஸ் கொடுத்தார்கள். அதை மாட்டத்தான் ஏட்டு வந்து இறங்கினார்.

நெட்டை ஏரியலா, குட்டை ஏரியலா என்று முடிவு செய்யவே அவருக்கு ஒரு வாரம் ஆனது. நெட்டை தூரம் பேசும், ஆனால் மரத்தில் மாட்டும். குட்டை மாட்டாது, ஆனால் நாலு வயல் தாண்டினால் ஊமையாகிவிடும். நெட்டையைச் சைக்கிளில் நட்டமாகக் கட்டிக்கொண்டு வாய்க்கால் கரையெல்லாம் ஓட்டிப் பார்த்தார். வழியில் இரண்டு பேர், எந்தக் கட்சிக் கொடி ஏறப்போகிறது என்று விசாரித்தார்களாம். கடைசியில் நெட்டைதான் வென்றது.

அடுத்த சண்டை, எங்கே மாட்டுவது என்று. முன் பம்பரில் மாட்டினால் மந்திரி கார் மாதிரி எடுப்பாக இருக்கும் என்பது இன்ஸ்பெக்டரின் ஆசை. கூரையில் வைக்கலாமே என்றேன் நான். கூரை தார்ப்பாய், அதன் மேல் முருங்கைக் கொடிகூட நிற்காது என்று என்னை மடக்கினார் ஏட்டு. முருங்கையில் ஏது கொடி என்று நான் கேட்டதை அவர் காதில் வாங்கவில்லை. பின்பக்கத்து இடது தகட்டில் இடம் பார்த்துப் பேனாக்கத்தியை எடுத்தார். புத்தம் புது நீலப் பெயிண்டைச் சுரண்ட ஆரம்பித்தார். நான் குறுக்கே கையை நீட்டினேன்.

“ஏட்டய்யா, போன மாசம் அடிச்ச பெயிண்டுங்க.”

“பெயிண்டு பேசாதுய்யா. இரும்பு இரும்பைத் தொட்டாதான் பேசும்.”

உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளையாகப் பளபளத்தது தகடு. அதன்மேல் ஏரியலின் தாங்கியை வைத்து முறுக்கினார். எனக்கோ ஜீப்பைப் பார்க்கும்போதெல்லாம் அந்த இடம்தான் உறுத்தியது.

ஆயுத பூஜை வந்தது. வண்டியைக் கழுவினேன். கை சும்மா இருக்கவில்லை. தாங்கியைக் கழற்றி, அந்த இடத்தில் இரண்டு பூச்சு நீலம் அடித்து, காய்ந்ததும் மாட்டி, சந்தனமும் குங்குமமும் வைத்தேன். ஸ்டேஷன் வாசலில் வயர்லெஸ் நன்றாகவே பேசியது. கிட்டத்தில் பேசும் என்பதும், தூரத்தில்தான் குட்டு உடையும் என்பதும் எனக்கு எப்படித் தெரியும்?

இரண்டு நாள் கழித்து ஒரு மிராசுதார் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து வயலில் இறக்கினார். உள்ளூர் ஆட்கள் அரிவாளோடு வரப்பில் நின்றார்கள். தாலுகா ஆபீசில் கூலிப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. உடன்பாடு என்று சேதி வந்தால் உள்ளூர் ஆட்களே அறுக்கலாம். பன்னிரண்டு மணிக்குள் வராவிட்டால் தடியடி நடத்தியாவது வெளியூர் ஆட்களை அறுக்கவிட வேண்டும் என்று இன்ஸ்பெக்டருக்கு உத்தரவு.

கூடவே வந்திருந்த ஏட்டு எவ்வளவு திருகியும் வயர்லெஸ்ஸில் இரைச்சல் மட்டும்தான் வந்தது. மணி பதினொன்றே முக்கால். இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். போலீஸ்காரர்கள் தடியைக் கைமாற்றிப் பிடித்தார்கள்.

ஏட்டு ஜீப்பின் பின்பக்கம் போய்த் தாங்கியைக் கழற்றினார். அடியில் அழகான நீலம். என்னை ஒரு தடவை பார்த்தார். சட்டைப்பையைத் தடவினார், பேனாக்கத்தி இல்லை. நேராக வரப்புக்கு நடந்து, முன்னால் நின்ற அம்மாளிடம் கையை நீட்டினார்.

“அந்தக் கருக்கரிவாளக் கொஞ்சம் குடுங்கம்மா.”

வரப்பில் நின்றவர்கள் அரிவாள்களை இறுக்கிப் பிடித்தார்கள். போலீஸ் அரிவாளைக் கேட்டால் பறிக்கத்தான் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். அந்த அம்மாள் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு கொடுத்தாள்.

பரக் பரக்கென்று சுரண்டினார். தாங்கியை முறுக்கினார். இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு குரல் எழுந்தது. உடன்பாடு ஆகிவிட்டது, உள்ளூர் ஆட்களை அறுக்கவிடவும் என்றது. இன்ஸ்பெக்டர் இரண்டு முறை திருப்பிச் சொல்லச் சொன்னார். வெளியூர் ஆட்கள் லாரியில் ஏறினார்கள். உள்ளூர்ப் பெண்கள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு வயலில் இறங்கினார்கள்.

இன்ஸ்பெக்டர் ஜீப்பைச் சுற்றி வந்தார்.

“என்னய்யா ஆச்சு இதுக்கு? எவன் கைய வச்சான்?”

நான் வாயைத் திறப்பதற்குள் ஏட்டு முந்திக்கொண்டார்.

“துருங்கய்யா. கடல் காத்து பாருங்க, சீக்கிரம் புடிச்சிருது.”

அவர் கையிலிருந்த அரிவாளில் நீலச் சுருள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. இன்ஸ்பெக்டர் அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், வண்டியில் ஏறினார். உலகத்தில் நீல நிறத்தில் துருப்பிடித்த இரும்பு அது ஒன்றாகத்தான் இருக்கும். ஏட்டு சுருள்களைத் தன் சட்டையிலேயே துடைத்துவிட்டு, பிடி அந்த அம்மாள் பக்கம் இருக்கும்படி அரிவாளைத் திருப்பிக் கொடுத்தார். அந்த நிமிஷம் அவர் காலில் விழலாம் போல இருந்தது எனக்கு.