இரண்டாம் வகைக்கு மாற்றப்பட்ட கயிறு

மனித குலம் இதுவரை கண்டுபிடித்த கருவிகளில், மிகக் குறைந்த செலவில் மிக அதிகப் பாரம் தூக்குவது ‘இஃப்’ என்னும் ஆங்கிலச் சொல்தான். கப்பியும் நெம்புகோலும் அதற்கு அடுத்தபடிதான். முதுகு தேயச் சுமந்தவன் சொல்கிறேன், நம்பலாம். ஆங்கிலத்தில் அதற்கு இரண்டே எழுத்து. எண்ணெய் விட வேண்டாம், பழுது பார்க்க வேண்டாம். அதை மட்டும் வைத்துக்கொண்டு எங்கள் கிடங்கு நிர்வாகம் ஏழு மாதம் ஐந்து மாடிக்குச் சரக்கு ஏற்றியது.

கிடங்கில் இருப்பது பீங்கான் சரக்கு. வாஷ்பேசின், கமோடு, அவற்றுக்கான மூடி. சுமக்கிறவர்கள் முப்பத்திரண்டு பேர். சரக்கு லிஃப்ட் என்பது கம்பி வலை அடித்த ஒரு கூண்டு. மேலே ஒரு மோட்டார். இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு இரும்புக் கயிறு. சரக்கு சாய்ந்துவிடாமல் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் கூடவே போக வேண்டும். அந்த ஆள் என் மச்சான், என் மனைவியின் தம்பி. உடம்பு ஒல்லி, கை நீளம், வாய் அதைவிட நீளம்.

கயிறு பழசாகி, இழை இழையாகப் பிரிந்து, சீவாத தாடி மாதிரி சிலுப்பிக்கொண்டு நின்றது. நாங்கள் மேனேஜரிடம் போனோம்.

“சார், கயிறு அறுந்துடும்.”

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். “அறுந்துடும்னு எப்படிச் சொல்றே? நீ என்ன ஜோசியக்காரனா?”

“பார்த்தாலே தெரியுது சார்.”

“பார்த்தா தெரியறதை எல்லாம் தலைமை அலுவலகம் ஏத்துக்காதுய்யா. அங்க யாரும் பார்க்கறதில்ல, படிக்கறாங்க. ‘அறுந்துடும்’னா அது வதந்தி. ‘அறுந்தால்’னா அது அறிக்கை. அதையும் இங்கிலீஷ்ல எழுதணும்.”

இப்படி ஒரு விளக்கத்தை நான் அதுவரை கேட்டதில்லை. நிர்வாகம் கருணை கூர்ந்து அடுத்த வாரமே ‘நிபந்தனை வாக்கியத் திறன் மேம்பாட்டுத் திட்டம்’ என்ற ஒன்றைத் தொடங்கிவிட்டது. திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டினார்கள். கத்திரி மழுங்கல். மேனேஜர் நாலு தடவை நறுக்கியும் ரிப்பன் அறவில்லை.

“மாமா, இந்த ரிப்பனை லிஃப்டுக்குக் கட்டச் சொல்லுங்க” என்றான் மச்சான், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

வகுப்பு தினமும் அரை மணி. எங்கள் சாப்பாட்டு நேரம் ஒரு மணி நேரமாக வீணாகிக்கொண்டிருந்ததால் அதிலிருந்தே அந்த அரை மணியை மீட்டெடுத்தார்கள். இடம், கீழ்த்தளத்து ஸ்டோர் ரூம். வெள்ளைப் பலகையைச் சுவரோரம் சாய்த்து வைத்து, கழுத்தில் டை கட்டிய ஓர் இளைஞர் எதிரே நின்றார். பதவி ‘மொழி ஆலோசகர்’. இரண்டாம் நாளே அவருக்கு ‘இஃப் சார்’ என்று பெயர் விழுந்துவிட்டது. நல்ல மனிதர். வியர்வை வாடைக்கு ஒரு தடவைகூட மூக்கைச் சுளித்ததில்லை.

“மூணே வகைதான்” என்றார். “நடக்கக்கூடியது முதல் வகை. நடக்காதது, சும்மா கற்பனை, இரண்டாம் வகை. எல்லாம் நடந்து முடிஞ்ச பிறகு ‘அடடா’ன்னு வருத்தப்படறது மூன்றாம் வகை. இஃப் இட் ரெய்ன்ஸ், ஐ வில் கெட் வெட். மழை பெய்தால் நான் நனைவேன். எங்கே, ஆளுக்கு ஒரு முதல் வகை எழுதுங்க பார்ப்போம்.”

நாற்பத்து மூன்று வயதில் மகளின் பழைய சிலேட்டில் ‘அ’ போட்டவன் நான். தமிழையே எழுத்துக் கூட்டிப் படிக்கிறவனுக்கு ஆங்கிலம் என்பது ஒரு கையில் இரண்டு வாஷ்பேசின் தூக்குகிற மாதிரி. ஆனால் மச்சான் பட்டென்று எழுதி நீட்டிவிட்டான்.

“இஃப் த ரோப் பிரேக்ஸ், ஐ வில் ஃபால். கயிறு அறுந்தால் நான் விழுவேன்.”

இஃப் சார் துள்ளிக் குதித்தார். “அபாரம்! எல்லாரும் கை தட்டுங்க! கமா பாருங்க, எவ்வளவு சரியான இடத்துல விழுந்திருக்கு!”

“நானும் சரியான இடத்துல விழுந்தா நல்லதுதான் சார்” என்றான் மச்சான்.

பத்துக்குப் பத்து. தாளைச் சுவரில் ஒட்டினார். அன்றிலிருந்து வகுப்பில் ஒரே கயிறு மயம். கயிறு அறுந்தால் கூண்டு விழும். கயிறு அறுந்தால் கமோடு உடையும். கயிறு அறுந்தால் என் அக்கா உன்னைக் கொல்வாள். இந்தக் கடைசி வாக்கியமும் மச்சான் எழுதியதுதான்; ‘உன்னை’ என்றது என்னை.

இஃப் சாரே சலித்துப்போனார். “ஏம்ப்பா எப்பப் பார்த்தாலும் கயிறு? மழை இருக்கு, ரயில் இருக்கு, குடை இருக்கு…”

“குடையை விரிச்சுப் பிடிச்சுக்கிட்டா மெதுவா இறங்கலாமா சார்?”

“அது இரண்டாம் வகைல வரும். அவசரப்படாதே.”

ஒரு நாள் மேனேஜர் வகுப்பைப் பார்வையிட வந்தார். சுவரில் முப்பத்திரண்டு தாள். முப்பத்திரண்டிலும் கயிறு அறுந்து தொங்கியது. அவர் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. “பார்வையாளர் யாராவது வந்தா என்னய்யா நினைப்பாங்க?” என்று இஃப் சாரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். மறுநாள் சுற்றறிக்கை வந்தது. ‘இன்று முதல், கயிறு தொடர்பான அனைத்து வாக்கியங்களும் முதல் வகையிலிருந்து இரண்டாம் வகைக்கு மாற்றப்படுகின்றன.’ அதாவது, நடக்கக்கூடியதிலிருந்து நடக்காததற்கு.

ஒரு நிர்வாகம் அபாயத்தை இதைவிட வேகமாக ஒழித்துக்கட்டியதை நான் கண்டதில்லை.

“பிரேக்ஸ் இனிமே ப்ரோக். வில் இனிமே வுட்” என்று இஃப் சார் பலகையில் அழித்து அழித்து எழுதினார்.

மச்சான் கையைத் தூக்கினான். “சார், இதுல கயிறு மாறுதா?”

“இல்லப்பா. வினைச்சொல்தான் மாறுது.”

வீட்டுக்குப் போனதும் மனைவி வழக்கமான கேள்வியைக் கேட்டாள். எங்கள் வீட்டில் “வந்துட்டீங்களா” என்பதற்குப் பதில் அந்தக் கேள்விதான்.

“ஏங்க, கயிறை மாத்திட்டாங்களா?”

“மாத்திட்டாங்க. ரெண்டாம் வகைக்கு.”

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். “நீங்க படிச்சுக் கிழிங்க, கிழிக்காமப் போங்க. என் தம்பி காலோட போனான், காலோட வரணும். அவ்வளவுதான்.”

அவளுக்கு மொழி மேம்பாட்டில் அக்கறை குறைவு.

ஒரு வியாழக்கிழமை, முற்பகல் பதினோரு மணி. பன்னிரண்டு கமோடுகளுடன் மச்சான் இரண்டாம் மாடியைத் தாண்டிக்கொண்டிருந்தபோது, நடக்காதது நடந்தது. ‘டங்’ என்று ஒரு சத்தம். பிறகு கூண்டு சுவரை உரசிக்கொண்டே இறங்கிய சத்தம். உரசியதால்தான் உயிர் மிஞ்சியது. நாங்கள் கதவைப் பிளந்து பார்த்தபோது பதினோரு கமோடுகள் தூள். பன்னிரண்டாவது முழுசாக இருந்தது. அதன்மேல் மச்சான் உடம்பெல்லாம் வெள்ளைப் பொடியோடு, பட்டாபிஷேகத்துக்கு உட்கார்ந்த ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தான். வலது கால் மட்டும் போகக் கூடாத திசையில் போயிருந்தது.

இஃப் சார் ஓடி வந்தார். “ஐயோ, என்னப்பா ஆச்சு?”

மச்சான் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான், “முதல் வகை சார்.”

நிர்வாகம் கை கட்டிக்கொண்டு இருக்கவில்லை. அன்று மாலையே அறுந்த இரண்டு முனைகளையும் சேர்த்து நாலு கிளாம்ப் போட்டு முறுக்கி, லிஃப்டை ஓடவிட்டார்கள். அடுத்த வாரம் விசாரணைக் குழு வந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து மூன்று பேர், மூன்று தண்ணீர் பாட்டில். மச்சானைக் கட்டுப் போட்ட காலோடு நாற்காலியில் தூக்கிக்கொண்டு போனோம். கூட்டத்தை நடத்திய பெரியவர் அவனுடைய பயிற்சி நோட்டைப் பிரித்தார்.

“இது உன் கையெழுத்துதானே?”

“ஆமா சார். கொஞ்சம் சாய்வா இருக்கும்.”

“‘கயிறு அறுந்தால் நான் விழுவேன்.’ நீ எழுதினதா?”

“ஆமா சார். பத்துக்குப் பத்து.”

“அப்போ உனக்கு முன்கூட்டியே தெரியும்.”

“தெரியும் சார். தெரிஞ்சதாலதானே எழுதினேன்.”

“தெரிஞ்சும் ஏறியிருக்கே.”

“படியில சுமந்துட்டுப் போறேன்னு கேட்டேன் சார். படியில போனா அப்படியே வீட்டுக்குப் போயிடுன்னு மேனேஜர் சொன்னாரு.”

பெரியவர் நோட்டை முன்னும் பின்னும் புரட்டினார். “அந்த வாக்கியம் இதுல இல்லையே.”

“அது அவர் சொன்ன வாக்கியம் சார். அவருக்கு நோட்டு கிடையாது.”

இஃப் சாரைக் கூப்பிட்டார்கள்.

“நீங்க இதைப் படிச்சீங்களா?”

“திருத்தினேன் சார்.”

“படிச்சீங்களா?”

“திருத்தினேன் சார். எழுவாய் இருந்துச்சு, பயனிலை இருந்துச்சு, கமா இருந்துச்சு. கயிறு இருந்ததை நான் கவனிக்கல.” சொல்லும்போது அவர் டை நடுங்கியது.

மூன்றாம் நாள் தீர்ப்பு தகவல் பலகையில் தொங்கியது. ‘மேற்படி தொழிலாளர் அபாயத்தை முழுமையாக அறிந்திருந்தார் என்பது அவர் கைப்பட எழுதிய ஆவணங்களால் ஐயமற நிரூபணமாகிறது. எனவே விபத்துக்கு அவரே பொறுப்பு. அவர் பணிநீக்கம் செய்யப்படுகிறார். வைத்தியம் அவர் பாடு.’

நல்ல தெளிவான நடை. நான் அதை வீட்டில் போய் மனைவியிடம் ஒப்பித்தேன்.

“பத்துக்குப் பத்து வாங்கினவனையா வேலையை விட்டுத் தூக்கறாங்க? அவன் ஃபெயிலாகியிருந்தா?”

“பாவம், தெரியாம ஏறிட்டான்னு வைத்தியம் பார்த்திருப்பாங்க.”

“முழுசும் படிச்சீங்களா? இல்ல வழக்கம்போல பாதியோட மூச்சு வாங்கிடுச்சா?”

மூச்சு வாங்கிவிட்டதுதான். மறுநாள் காலை மணி அடிப்பதற்கு முன்பே போய், பலகை முன்னால் நின்று, எழுத்துக் கூட்டிக் கடைசி வரி வரை வாசித்தேன். என் பின்னால் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். கடைசி வரி இது: ‘இனி அபாயம் அறிந்தும் லிஃப்டில் ஏறும் எந்தத் தொழிலாளரும் இதே விதியின் கீழ்ப் பணிநீக்கம் செய்யப்படுவார்.’

மச்சான் இடத்தில் நாளுக்கு ஒருவராக ஏற்றிக்கொண்டிருந்தார்கள்; அன்று என் முறை. கூண்டில் கமோடுகள் தயார். மேலே நாலு கிளாம்ப் போட்ட கயிறு.

“ஏறு” என்றார் மேனேஜர்.

“ஏறக் கூடாதுங்க சார்.”

“ஏன்?”

“எனக்குத் தெரியும் சார். தெரிஞ்சு ஏறினா பணிநீக்கம்னு போட்டிருக்கு.”

“உனக்குத் தெரியும்னு யார் சொன்னா?”

“நோட்டுல இருக்கு சார். ஆனா எனக்குப் பத்துக்கு நாலுதான்.”

மேனேஜர் வேறொருவரைக் கூப்பிட்டார். அவர் பத்துக்கு ஏழு. அடுத்தவர் ஒன்பது. முப்பத்தோரு பேரிலும் தெரியாதவர் ஒருவர்கூட இல்லை. அந்த அளவுக்குத் திட்டம் வெற்றி. வாசலில் லாரிகள் வரிசை கட்டின. ஒரு நாள் போனது. இரண்டாம் நாள் வரிசை தெரு முனையைத் தாண்டி வளைந்தது. ஹாரன் சத்தத்தில் இஃப் சார் வகுப்பு எடுக்க முடியாமல் காதைப் பொத்திக்கொண்டார்.

மேனேஜர் ஒரு கட்டுத் தாளோடு வந்தார். குரலில் தேன். “பாருங்கப்பா, சின்ன விஷயம். ‘கயிறைப் பத்தி எனக்கு எதுவும் தெரியாது’ன்னு ஆளுக்கு ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க. ஏறலாம். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”

பழைய நாளாக இருந்தால் கட்டை விரலை மையில் தோய்த்துவிட்டுப் போயிருப்பேன். தாளை வாங்கி மெதுவாகப் படித்தேன். நான் படிக்கிற வேகத்துக்கு வெளியே இன்னும் இரண்டு லாரி வந்து சேர்ந்தது.

“சார், ஒரு சந்தேகம். நாங்களும் என் மச்சானும் ஒரே வகுப்பு. ஒரே பலகை, ஒரே கயிறு. எங்களுக்குத் தெரியாதுன்னா அவனுக்கும் தெரியாது. அவனுக்குத் தெரியும்னா எங்களுக்கும் தெரியும். எதுக்குக் கையெழுத்துப் போடட்டும்?”

மேனேஜர் என்னைப் பார்த்தார். லாரி வரிசையைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் வெகுநேரம் போனில் பேசினார்.

மதியம் புதுத் தீர்ப்பு வந்தது. ‘மறு ஆய்வில், மேற்படி தொழிலாளர் உட்பட யாருக்கும் எதுவும் தெரியாது எனத் தெரிய வருகிறது.’ பணிநீக்கம் ரத்து. கால் குணமாகும்வரை சம்பளத்தோடு விடுப்பு, வைத்தியம் நிர்வாகம் பார்க்கும்.

“அப்போ ஏறு” என்றார் மேனேஜர்.

“கயிறு சார்?”

“அதான் யாருக்கும் எதுவும் தெரியாதுன்னு வந்துடுச்சே!”

“எங்களுக்குத்தான் சார் தெரியாது. அது அறுந்தது அதுக்குத் தெரியுமே.”

முப்பத்தோரு பேரும் கூண்டுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தோம். வெளியே ஒரு ஹாரன் அடித்தது. அதற்குத் துணையாக எல்லா ஹாரனும் அடித்தன. மேனேஜர் தலையைப் பிடித்துக்கொண்டு மெக்கானிக்கைக் கூப்பிடச் சொன்னார்.

மெக்கானிக் வந்தார். நேராக எங்கள் வகுப்பறைக்குள் போய், வெள்ளைப் பலகையை ஒரு பக்கம் நகர்த்தினார். பலகை சாய்ந்திருந்தது சுவரில் அல்ல. உறைகூடப் பிரிக்காத ஒரு புதுக் கயிற்றுச் சுருள்மேல். அதைத் தோளில் போட்டுக்கொண்டு லிஃப்டுக்கு நடந்தார்.

“இது எப்ப வாங்கினது தம்பி?” என்றேன்.

“ஒன்றரை வருஷம் ஆச்சுண்ணே.”

“அப்புறம் ஏன் மாட்டல?”

“மாட்டணும்னா லிஃப்டை ஒரு நாள் நிறுத்தணுமே. சரக்கு நிக்கும்ல? யாரு விடுவா?”

இஃப் சார் பலகையைத் தூக்கித் தன் நெஞ்சோடு சாய்த்துப் பிடித்தபடி நின்றார். அதில் மூன்றாம் வகைக்கு எடுத்துக்காட்டு எழுதுவதற்காக இடம் விட்டிருந்தது. “நீங்க எழுதறீங்களா?” என்று மெல்லிய குரலில் கேட்டு, பேனாவை நீட்டினார். ஆங்கிலத்துக்கு எனக்கு இன்னும் கை வரவில்லை; அதனால் தமிழில் எழுதினேன்:

லிஃப்டை ஒரு நாள் நிறுத்தியிருந்தால், என் மச்சான் இன்று நின்றிருப்பான்.