அம்மன் வழியில் அதிவேக இணையம்

மனிதகுலம் தன் வரலாற்றில் எத்தனையோ விடுதலைகளைக் கண்டிருக்கிறது. அவை யாவும் அரைகுறை விடுதலைகளே. முழு விடுதலை, முழு ஒளியிழை இணையத்தால் மட்டுமே வரும். இந்த மாபெரும் உண்மையைக் காரைக்கால் வட்டாரத்தில் எவருக்கும் முன்பாகக் கண்டுகொண்டது எங்கள் ஊர். ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் பக்கத்து ஊர்கள் பொறாமைப்படும்; எங்கள் ஊர் வழக்குப் போடும். சுரக்குடிக்குப் போகிறவர்களில் சிலர் எங்களைக் கடந்து போகிறார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சென்ற தை மாதம் 'அதிவேகன்' என்னும் நிறுவனம் எங்கள் ஊருக்கு எழுந்தருளியது. பேருந்து நிறுத்தத்தில் பதாகை கட்டியது. பதாகையில் ஓர் அழகிய பெண், தன் கைப்பேசியைப் பார்த்துக் காரணமின்றிச் சிரித்தாள். 'உங்கள் தெருவில் உண்டா? இப்போதே அறிக!' என்று அவள் தலைக்கு மேலே எழுதியிருந்தது.

இந்த 'அறியும் வசதி' சாதாரணமானதன்று. முன்பெல்லாம் ஒரு வசதி தனக்கு இல்லை என்று தெரிந்துகொள்ள, ஒருவர் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்துக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கும் மாறிமாறி நடந்து செருப்பைத் தேய்க்க வேண்டும். இப்போது உட்கார்ந்த இடத்திலேயே தெரிந்துகொள்ளலாம். முன்னேற்றம் என்பது இதுதான்.

அந்த முன்னேற்றத்தைப் பயன்படுத்திக்கொண்டவர்களுள் சுகிர்தா முக்கியமானவள். வேதியியல் பட்டதாரி, ஒன்றரை வயதுக் குழந்தைக்குத் தாய், எங்கள் ஊர்க் காலனியில் வசிப்பவள். மருத்துவர்கள் பேசிப் பதிவு செய்யும் குறிப்புகளைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் வேலை, ஒரு சென்னை நிறுவனத்தில் அவளுக்குக் கிடைத்திருந்தது. வீட்டிலிருந்தபடியே செய்யலாம். ஒரே நிபந்தனை: திங்கட்கிழமைக்குள் வீட்டில் ஒளியிழை இணைப்பு இருக்கவேண்டும். இல்லையேல் வேலை அடுத்தவருக்கு.

சுகிர்தா தன் கைப்பேசியில் ஊர்ப் பெயரைத் தட்டினாள். 'வாழ்த்துகள்! உங்கள் ஊரில் சேவை உண்டு' என்றது இணையதளம். பிறகு தெருவைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. வடக்குத் தெரு, தெற்குத் தெரு, மேலத் தெரு, சன்னதித் தெரு. அதற்கும் கீழே, 'மற்றவை'. அதை அழுத்தினாள். 'வருந்துகிறோம்' என்றது. உதவி எண்ணுக்குப் பேசினாள். புதுச்சேரி மாநிலம் என்றதும், "பீச் ரோடுங்களா மேடம்?" என்று ஆவலோடு கேட்ட குரல், காலனி என்றதும் காத்திருப்பு இசையாக மாறிவிட்டது.

மேடை கிடைத்தால் பேசுவான், அநீதி கிடைத்தால் துண்டறிக்கை அடிப்பான் என்று ஊரில் எனக்கொரு 'நற்பெயர்' உண்டு. ஆகவே என்னையும் அழைத்துக்கொண்டு அவள் காரைக்காலில் உள்ள அதிவேகன் அலுவலகத்துக்குச் சென்றாள். அங்கே 'பகுதி விரிவாக்க மேலாளர்' தமிழ்ச்செல்வன் எங்களை இன்முகத்தோடு வரவேற்றார்.

"எந்தத் தெருங்க?"

"காலனிங்க."

இன்முகம் பாதியானது. "அது 'செறிவு மண்டல'த்துல வரலிங்களே."

"செறிவுன்னா என்னங்க?"

"வீடுங்க நெருக்கமா இருக்கணும்."

"எங்க தெருவுல ஒரு வீட்டுல தும்முனா அடுத்த வீட்டுல 'நூறு ஆயுசு'ங்கிறாங்க. இதைவிட நெருக்கமாவா சார் இருக்கணும்?"

தமிழ்ச்செல்வன் சற்றே சிந்தித்தார். "ரொம்ப நெருக்கமா இருந்தா அது 'அதிசெறிவு'ங்க. அதுக்குத் தனித் திட்டம்."

"எப்ப வரும்?"

"திட்டம் வந்ததும் வந்துடும்."

நம்பிக்கையூட்டுவதற்காக அவர் கணினியில் எங்கள் ஊரின் வரைபடத்தைத் திறந்தார். பச்சைக் கோடு ஒன்று கோயிலில் புறப்பட்டு, சன்னதித் தெரு வழியே வடக்குத் தெருவுக்கு ஏறி, மேலத் தெருவில் திரும்பி, தெற்குத் தெரு வழியாகக் கோயிலுக்கே வந்து சேர்ந்தது. காலனிக்குப் போகும் மதகைக் கண்டதும் மரியாதையாகத் திரும்பிக்கொண்டது.

"இந்த வழித்தடத்தை யார் வகுத்தது?" என்று கேட்டேன்.

"சர்வே எடுக்க நேரமில்ல சார். கோயில் கமிட்டித் தலைவர் வைத்தியலிங்கம் ஐயாவைக் கேட்டோம். திருவிழா நோட்டீஸைக் கொடுத்தாரு. பின்பக்கத்துல அம்மன் புறப்பாட்டுக்குப் படம் போட்டிருந்தது. ரொம்பத் துல்லியமா இருந்தது சார். திருவிழா சீரியல் செட்டுக்கு நட்ட இரும்புக் கம்பமும் அந்த வழியிலயே இருந்தது. அப்படியே இழுத்துட்டோம்."

தொலைத்தொடர்புத் துறையின் அறிஞர் பெருமக்கள் இதைக் கவனிக்க வேண்டும். துணைக்கோள் இல்லை, அளவைக் கருவி இல்லை. அம்மன் எந்தத் தெருவுக்குப் போகமாட்டாளோ, அங்கே அதிவேகனும் போகமாட்டான். ஆன்மிகமும் அறிவியலும் இத்தனை நேர்த்தியாகக் கைகோத்த இடம் வேறெங்கும் உண்டா?

"கம்பத்துலேருந்து காலனிக்கு ஒயர் இழுக்கணும்னா கமிட்டி அனுமதி வேணும் சார்" என்று முடித்தார் தமிழ்ச்செல்வன்.

வியாழக்கிழமை மாலை, கோயில் மண்டபத்தில் 'சிறப்புக் கூட்டம்' கூடியது. வைத்தியலிங்கம் தலைமை தாங்கினார். நான்கு தெருக்காரர்களும் உட்கார்ந்தார்கள். தமிழ்ச்செல்வனுக்கு நாற்காலி போடப்பட்டது. சுகிர்தா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மண்டபத்துக்கு வெளியே நின்றாள். காற்றோட்டம் கருதி அவ்வாறு ஏற்பாடு செய்யப்பட்டதாகச் சொன்னார்கள்.

வைத்தியலிங்கம் தொண்டையைச் செருமினார். "நாங்க யாருக்கும் விரோதி இல்ல. காலனிக்குக் கம்பி போறதுல எங்களுக்கு ஆட்சேபணையே கிடையாது. ஆனா அங்கேருந்து எதுவும் இந்தப் பக்கம் திரும்பி வரக்கூடாது. வருமா தம்பி?"

"டவுன்லோடுன்னா அங்க போறதுங்க. அப்லோடுன்னா அங்கேருந்து வர்றதுங்க."

"அப்ப அந்த அப்லோடை மட்டும் நிறுத்திட்டுக் குடுத்துடுங்க."

கூட்டம் இந்தப் பெருந்தன்மையைக் கைதட்டி வரவேற்றது.

"ஐயா, அப்புறம் நான் அடிச்சு முடிச்சது எப்படிங்க சென்னைக்குப் போவும்?" என்றாள் சுகிர்தா.

"ஏம்மா, வேலையை வாங்கி வச்சுக்கயேன். திருப்பி அனுப்பித்தான் ஆவணுமா?"

பின்வரிசையிலிருந்து ஒருவர், காலனிக்கென்று 'தனி இணைப்புப் பெட்டி' வைக்கலாமே என்று யோசனை சொன்னார். தேநீர்க் கடையில் தனிக் குவளை வைத்து முன்னனுபவம் பெற்ற குடும்பம் அது. பெட்டியைத் திருவிழா முடிந்தபின் வைப்பதாக ஒருமனதாகத் தீர்மானித்தார்கள்.

"திருவிழா சித்திரையிலங்க. எனக்குத் திங்கக்கிழமைக்குள்ள வேணும்."

"அம்மனுக்கே ஒரு வருஷம் காத்திருக்கோம். நீ ரெண்டு மாசம் காத்திருக்க மாட்டியா?"

அந்த நேரத்தில் வைத்தியலிங்கத்துக்கு ஓர் ஐயம் எழுந்தது. தலைவர்களுக்கு எழக்கூடாத ஐயம். "ஏன் தம்பி, எங்க வீட்டுக்கு இப்ப வர்ற கம்பி, காலனிப் பக்கமே எங்கேயும் படலையே?"

"சத்தியமா இல்லைங்க" என்று எழுந்து நின்றார் தமிழ்ச்செல்வன். "காலனியில எங்க ஒயர் ஒண்ணுகூடக் கிடையாது."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார்" என்றாள் சுகிர்தா.

"இதுல யோசிக்க என்னம்மா இருக்கு? கூட்டத்துல எழுதிக்கங்க, நான் சொல்றேன்."

எழுதிக்கொண்டார்கள்.

மறுநாள் காலை, காலனி ஆண்கள் நால்வர் மண்வெட்டியோடு தெருவில் இறங்கினார்கள். கசியும் குடிநீர்க் குழாயைப் பார்க்கப் போவதாகச் சொன்னார்கள். முழங்கால் ஆழத்தில் ஆரஞ்சு நிறக் குழாய் ஒன்று தட்டுப்பட்டது. அதற்குள்ளே கறுப்பாய் ஒரு கம்பி. மேலே இழுத்ததும் அது மடங்கி, உள்ளே ஓடிய ஒளி தடைபட்டது.

அந்த நொடியில் நான்கு தெருக்களிலும் நாகரிகம் நின்றது. மகளுக்கு வரன் பேச மாப்பிள்ளை வீட்டாரோடு வீடியோவில் உரையாடிக்கொண்டிருந்த வைத்தியலிங்கம், வாய் திறந்தபடியே உறைந்துபோனதாகப் பின்னர் சிங்கப்பூரிலிருந்து தகவல் வந்தது.

ஊர் ஓடி வந்தது. மதகின் அந்தக் கரையில் நின்றது. தமிழ்ச்செல்வன் இரண்டு சக்கர வாகனத்தில் பறந்து வந்தார். பள்ளத்தின் அருகே சுகிர்தா நின்றிருந்தாள்.

"போன மாசம், ஊருக்குத் தண்ணிக் குழாய்னு சொல்லி எங்க ஆளுங்களை விட்டு இதை வெட்டச் சொன்னீங்க. என் வீட்டுக்காரரும் வெட்டுனாரு. தண்ணி வரல. இதுதான் வந்திருக்கு. இது உங்க ஒயராங்க சார்?"

தமிழ்ச்செல்வன் அதை, ஒயர் என்னும் பொருளையே முதன்முறை காண்பவர்போல் உற்றுப் பார்த்தார்.

நடந்தது எளிய விஷயம். சாலையிலிருந்து ஊருக்குக் கம்பி கொண்டுவரக் குறுக்குவழி காலனிதான். அம்மன் வராத தெருவில் திருவிழாக் கம்பம் இல்லை. ஆகவே மண்ணுக்குள் புதைத்துவிட்டார்கள்.

"காலனியில உங்க ஒயர் ஒண்ணுகூடக் கிடையாதுன்னு நேத்து எழுதினாங்களே சார். அப்ப இது யாரோ போட்டுட்டுப் போனது. வெட்டிப் பழைய சாமான் கடையில போட்டுடறோம்."

"வேணாம்! வேணாம்!"

"அப்ப உங்களுதா?"

மதகுக்கு அப்பாலிருந்து வைத்தியலிங்கம் கத்தினார்: "யோவ், உன்னுதுன்னு சொல்லித் தொலையேன்யா! சிங்கப்பூரு காத்துக்கிட்டிருக்கு!"

"சொல்லிடறேங்க. ஆனா உங்க வீட்டு லைன் காலனி வழியாத்தான் வருதுன்னு ஆயிடுங்களே. பரவால்லிங்களா?"

எங்கள் ஊர் பல கூட்டங்களில் மௌன அஞ்சலி செலுத்தியிருக்கிறது. அவற்றில் ஒன்றுகூட இத்தனை ஆழமாக அமைந்ததில்லை. வைத்தியலிங்கம் தன் தெருக்காரர்களைப் பார்த்தார். அவர்கள் வானத்தைப் பார்த்தார்கள். சம்பந்தி பெரிதா, சம்பிரதாயம் பெரிதா என்ற தத்துவப் போராட்டம் அவர் முகத்தில் நடந்தது. கடைசியில் அவர் குரலைத் தாழ்த்தினார்.

"நான் எதையும் பாக்கல. நீயும் எதையும் சொல்லல. அந்தப் பொண்ணுக்கு ஒரு லைனைக் குடுத்துட்டுப் பள்ளத்தை மூடச் சொல்லு. வெளியில காட்டிக்காதே."

"எனக்கு மட்டும் இல்லைங்க" என்றாள் சுகிர்தா. "எங்க தெருவுல கேக்குற எல்லா வீட்டுக்கும்."

குழந்தை அந்த ஆரஞ்சுக் குழாயின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. பேச்சுவார்த்தை அத்துடன் முடிந்தது.

கேட்ட வீடுகளுக்கெல்லாம் இணைப்பு வந்தது; திங்கட்கிழமை சுகிர்தா வேலையில் சேர்ந்தாள். அவள் தட்டச்சு செய்வதைப் பார்க்க அன்று மாலை நான் சென்றிருந்தேன். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டுக் கணினியை என் பக்கம் திருப்பினாள்.

"இதைப் பாருங்க சார்." அதிவேகனின் இணையதளம். ஊர்ப் பெயர். தெரு: 'மற்றவை.' 'வருந்துகிறோம். தங்கள் தெருவில் சேவை இல்லை.'

"எங்க தெருவுல நெட்டு இல்லையாம். அந்த நெட்டுலேயே வந்து சொல்லுது."

உடனே தமிழ்ச்செல்வனை அழைத்தேன். அவர் பொறுமையாக விளக்கினார்: "இருக்கறது வேறங்க சார், இருக்குன்னு சொல்றது வேறங்க. இருக்குன்னு போட்டா, நாலு தெருக்காரங்களும் மானத்துக்காக லைனை வேணாம்னுடுவாங்க. இப்ப எல்லாருக்கும் சௌகரியமா இருக்கு பாருங்க."

உண்மைதான், எல்லோருக்கும் சௌகரியமாகவே இருக்கிறது. அந்தத் தெருவின் ஆட்கள் வெட்டிய பள்ளத்தில், அந்தத் தெருவின் மண்ணுக்குள், அந்தத் தெருவைக் கேட்காமலே ஊருக்கு ஒளி போகிறது. ஊர் அதை வாங்கிக்கொண்டு, அப்படியொரு தெருவே இல்லை என்கிறது. இத்தனை காலம் மேடைதோறும் இதற்குத் 'தீண்டாமை' என்று பெயர் சொல்லி வந்தேன். அது மரியாதைக்காக நான் வைத்த பெயர். இதன் பெயர் திருட்டு.