என் கட்டில் எந்த வார்டில் இருக்கிறது?

அன்பும் பண்பும் நிறைந்த மைத்துனர் அவர்களுக்கு, உங்கள் அக்காவைக் கட்டிய பாவத்துக்கு உங்களுக்கு அத்தானாகிப்போனவன் எழுதிக்கொண்டது.

இங்கு நானும் உங்கள் அக்காவும் நலம். அங்கு நீங்களும் வீட்டில் எல்லோரும் நலமாகவே இருப்பீர்கள் என்பது எனக்கு விசாரிக்காமலே தெரியும். எப்படித் தெரியும் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். அதற்கு முன் ஒன்று. உங்கள் அக்கா போனில் அழுதுகொண்டே ஏதாவது சொல்லியிருந்தால், அதில் பாதியை நம்ப வேண்டாம். மீதிப் பாதியை நானே கீழே ஒப்புக்கொள்கிறேன். அப்புறம் தம்பி, மூக்கு ஒழுக நீ என் சைக்கிளின் முன்கம்பியில் உட்கார்ந்து வந்ததை இந்தக் கண்ணால் பார்த்தவன் நான். ஒரு பத்தி வரைக்கும் 'நீங்கள்' போட்டேன், இனிமேல் முடியாது. கை வலிக்கிறது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, செய்தித்தாளின் நடுப்பக்கம் முழுக்க ஒரு வரைபடம் வந்தது. எங்கள் ஊரையும் சுற்று வட்டாரத்தையும் வார்டு வார்டாகப் பிரித்து, எங்கே எத்தனை பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் வருகிறது, சில வருடங்களாக எந்த வகை ஏறுகிறது, எந்த வகை இறங்குகிறது என்று வண்ணம் தீட்டியிருந்தார்கள். குறைவு என்றால் வெளிர் ரோஸ். அதிகம் என்றால் ரத்தச் சிவப்பு. நான் நில அளவை அலுவலகத்தில் வரைவாளராக இருந்தே தலை நரைத்தவன் என்பது உனக்குத் தெரியும். மனிதர்கள் சொன்னால் சந்தேகப்படுவேன், வரைபடம் சொன்னால் எனக்கு வேதவாக்கு. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எங்கள் தெருவைத் தேடினேன். தெருவுக்குக் கிழக்கே உள்ள வார்டு சிவப்பு. மேற்கே உள்ள வார்டு வெளிர் ரோஸ். இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய கறுப்புக் கோடு. அந்தக் கோட்டைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். ஏனென்றால் அதை வரைந்தவனே நான்தான். வார்டு பிரித்தபோது பழைய கால்வாய்த் தடத்தை ஒட்டி என் கையால் மை போட்ட கோடு. கால்வாயை மூடி மனை போட்டு, அதில் ஒன்றை ஆசை ஆசையாக வாங்கி வீடு கட்டியவனும் நானே. கோடு எங்கள் கூடத்தின் நடுவே போகிறது. படுக்கையறை சிவப்பில். சமையலறை வெளிர் ரோஸில்.

அன்று மத்தியானமே கட்டிலைச் சமையலறைக்கு மாற்றிவிட்டேன். மாற்றினேன் என்று ஒரு வார்த்தையில் எழுதிவிட்டேனே தவிர, வாசலில் அது நுழையாமல் மாட்டிக்கொண்டு, தலைமாட்டுப் பலகையைக் கழற்றி, கழற்றிய ஆணியை மிதித்து, ஒரு காலில் குதித்துக்கொண்டே உள்ளே போனேன். உன் அக்கா கையில் கரண்டியோடு பார்த்துக்கொண்டே நின்றாள். கடைசியில், "சோறு எங்க வடிக்கிறது? உங்க வயித்து மேலயா?" என்று கேட்டாள். நான் நிலைமையை விளக்கினேன். அவளுக்கும் ஒரு பாய் விரிக்க இடம் ஒதுக்கியிருப்பதாகச் சொன்னேன். அவள் சட்டை செய்யவில்லை. "நான் என் ரூம்லதான் படுப்பேன். வர்றது வரட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனவள், அன்றிலிருந்து விடியற்காலையில் என் காதுக்குப் பக்கத்தில் குக்கரை ஏற்றுகிறாள். மிளகாய் வதக்கினால் எனக்குத்தான் முதல் மரியாதை. என் தொண்டை கொஞ்ச நாளாகக் கம்மிப்போயிருப்பதற்கு இதுதான் காரணம். கட்டிலை மாற்றுவதற்கு முன்பே கம்மியிருந்தது என்று உன் அக்கா சொல்வாள். அவளுக்கு எதிலும் தேதி பிசகும்.

பிறகு கூடத்தின் குறுக்கே சாக்பீஸால் கோடு போட்டேன். அளவு நாடா வைத்துத்தான் போட்டேன், தொழில் புத்தி போகுமா? இதில் நான் எதிர்பாராத சங்கடம், தொலைக்காட்சிப் பெட்டி சிவப்பில் இருந்தது. சாய்வு நாற்காலியும் சிவப்பில். சாப்பாட்டு மேஜையில் பாதி அங்கே, பாதி இங்கே. நான் சமையலறை நிலைப்படியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு செய்தி பார்த்தேன். வாசிப்பவர் ஆணா பெண்ணா என்பதையே குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. உன் அக்கா சாய்வு நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு காபி குடித்தாள்.

"எனக்குக் காபி?" என்றேன்.

"இந்தா இருக்கு. கோட்டத் தாண்டி வந்து எடுத்துக்குங்க."

கையை மட்டும் நீட்டினேன். எட்டவில்லை. இன்னும் கொஞ்சம் நீட்டினேன். ஸ்டூல் சரிந்து, நான் முழுசாகச் சிவப்பு வார்டுக்குள் குப்புற விழுந்தேன். தம்ளர் மட்டும் உருண்டு வெளிர் ரோஸுக்கு வந்து சேர்ந்தது.

காலை நடைப்பயிற்சியையும் மாற்றினேன். பூங்கா, மரங்கள், காய்கறிச் சந்தை, நூலகம் எல்லாம் கிழக்கே இருப்பதால் அந்தப் பக்கமே தலை வைத்துப் படுப்பதில்லை என்று முடிவெடுத்தேன். மேற்கே நடந்தேன். மேற்கே என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியும். லாரி பட்டறை, பழைய டயரைக் கொளுத்தும் குடோன், பெயின்ட் அடிக்கும் கூடம், ஊதிக்கொண்டே நிற்கும் கூட்டத்தோடு மூன்று பீடிக் கடை. கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு, பாதுகாப்பான வார்டின் காற்றை அளவாக இழுத்து, இருமி இருமி வீடு வந்து சேர்ந்தேன். பூங்கா நண்பர்கள் எதிர்ப்பட்டால் தூரத்திலிருந்தே கையாட்டினேன். "வாத்தியாருக்கு என்ன ஆச்சு?" என்று அவர்களுக்குள் கேட்டுக்கொள்வது காதில் விழுந்தது. அலுவலகத்தில் பலருக்கும் கோடு போடச் சொல்லிக்கொடுத்தவன் என்பதால் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

இதற்குள் மாடியில் குடியிருக்கும் தையல்காரருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டது என்ன, நானேதான் படி ஏறிப் போய்ச் சொன்னேன். நல்ல மனிதர், ஒரு பொழுதும் எதிர்த்துப் பேசாதவர், உடனே நம்பினார். "சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று தன் தையல் மெஷினைக் கிழக்கு ஜன்னலோரத்திலிருந்து தூக்கி, மேற்கு மூலைக்கு மாற்றிவிட்டார். அந்த மூலைக்கு நேர் கீழேதான் என் கட்டில். பொழுது விடிந்து பொழுது போகும்வரை என் உச்சந்தலையில் ஒரு மெஷின் கடகடவென்று ஓடுகிறது. வாய் இருக்கிறதே என்று பேசினால் இப்படித்தான்.

சரி, கட்டிலைத்தானே நகர்த்தினோம், கோட்டையே நகர்த்தினால் என்ன என்று தோன்றியது. என் பழைய அலுவலகத்துக்குப் போனேன். என்னிடம் தொழில் கற்ற பெண் இப்போது என் நாற்காலியில் இருக்கிறாள். பார்த்ததும் எழுந்து நின்றாள், மனசு குளிர்ந்தது. கோட்டை ஒரு வீட்டு அகலம் கிழக்கே தள்ளிப் போட முடியுமா என்று கேட்டேன். அவள் சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டது தெரிந்தது.

"கோட்டத் தள்ளினா நோய் தள்ளிப் போயிடுமா சார்?"

"படத்துல அப்படித்தானே போட்டிருக்கு!"

"அந்தப் படம் நாங்க போட்டது இல்ல சார். ஆஸ்பத்திரியில புற்றுநோய்க் கணக்கு எடுக்கிற மேடம் போட்டது. அவங்களயே கேளுங்களேன்."

கேட்டேன். போய்த் தொலைத்திருக்கக் கூடாது. ஆஸ்பத்திரியின் பின்கட்டில் கோப்புகளுக்கு நடுவே ஒரு சின்ன அறை. கணக்கெடுக்கும் அம்மாள் டிபன் பெட்டியை மூடிவைத்துவிட்டு, என் கதை முழுவதையும் கேட்டார். கட்டில், சாக்பீஸ், தையல் மெஷின் எதையும் நான் விடவில்லை. அவர் சிரிக்கவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"கிழக்கு வார்டுல வயசானவங்க அதிகம் சார். ரிட்டயர் ஆனவங்க காலனியே அங்கதான இருக்கு? வயசானா நோய் கூடத்தான் வரும், அதுக்காக ஒரு பகுதிய நாங்க கழிச்சிடுவோம். கழிச்சும் கூடத்தான் வருது. ஏன் தெரியுமா? பூங்கா வாசல்ல வாராவாரம் எங்க பரிசோதனை பஸ் நிக்குது. நடக்க வர்றவங்க அப்படியே ஏறி ஒரு எட்டு பாத்துட்டுப் போறாங்க. சின்னதா இருக்கும்போதே தெரிஞ்சிடுது. தெரிஞ்சா கணக்குல ஏறும், படம் சிவக்கும். முக்காவாசிப் பேர் குணமாகி மறுபடி அதே பூங்காவுல நடக்குறாங்க."

"அப்ப மேற்கே?"

"அங்க பஸ் போறதே இல்ல சார். கேட்டுக்கிட்டே இருக்கோம், கெடைக்கல. அங்க நோய் கம்மின்னு சொல்ல முடியாது. பாக்குறவங்க கம்மி. ரொம்ப முத்தினப்புறம் எங்கயோ வெளியூர் ஆஸ்பத்திரிக்குப் போறாங்க, எங்க கணக்குக்கே வராமப் போயிடுறாங்க."

பூங்கா வாசலில் நிற்கும் அந்த வெள்ளை பஸ்ஸை நான் நன்றாக அறிவேன் தம்பி. அதன் நிழலில் நின்று பல நாள் செருப்பு வார் மாட்டியிருக்கிறேன். ஒரு நாளும் படியில் கால் வைத்ததில்லை. நான் திருதிருவென்று விழித்துக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மாள், "உங்க தொண்டை எப்பலேருந்து இப்படி இருக்கு?" என்று கேட்டார். "மிளகாய் நெடி" என்றேன். "எப்பலேருந்து?" என்று மறுபடியும் கேட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். எந்த பஸ் என்று அவர் கேட்கவில்லை.

வரும் வழியெல்லாம் யோசித்தேன். யோசித்ததில் எனக்கு ஒரு தெளிவு பிறந்தது. தேடினால்தானே கிடைக்கிறது? தேடாத ஊருக்குப் போய்விட்டால் கிடைக்க வழியில்லையே! அந்தப் படத்தில் உன் ஊர் வெளிர் ரோஸ்கூட இல்லை, வெள்ளை வெளேர். ஆகவே உன்னிடம் நான் கேட்பது இரண்டு. ஒன்று, உன் வீட்டுக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு வீடு பார். இரண்டு, உன் ஊருக்கு அந்த வெள்ளை பஸ் வருவதில்லை என்பதை நன்றாக விசாரித்து உறுதிப்படுத்து. உன் அக்கா வரமாட்டேன் என்பாள், நீ சொன்னால் கேட்பாள். என் குரல் போனில் சரியாகக் கேட்காது என்பதால்தான் கடிதமாக எழுதுகிறேன். வேறு ஒன்றும் இல்லை.

நீயும் உன் குடும்பமும் நோய் நொடி அண்டாமல், வெளுத்த ஊரில் வெளுத்தபடியே நீடூழி வாழ என் ஆசிகள். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

இப்படிக்கு,
சமையலறையிலிருந்து,
உன் அத்தான்.

பின்குறிப்பு: வீடு பார்க்க வேண்டாம்.

மேலே உள்ளதை எழுதிச் சட்டைப் பையில் வைத்துவிட்டுத் தபாலில் போட மறந்துவிட்டேன். துவைக்கப் போன உன் அக்கா எடுத்துப் படித்துவிட்டாள். திட்டுவாள் என்று ஸ்டூலில் தயாராக உட்கார்ந்திருந்தேன். திட்டவில்லை. சாக்பீஸ் கோட்டுக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்தாள். "நீங்க எந்தப் பக்கம் படுத்தாலும் இருமல் ரெண்டு பக்கமும் கேக்குதுங்க" என்றாள். பிறகு, "உங்களுக்குப் பயம், சமையக்கட்டுக்கு வந்துட்டீங்க. எனக்கும்தான் பயமா இருக்கு. நான் எங்க போய்ப் படுக்கட்டும்?" என்று கேட்டாள். ஸ்டூலை விட்டு இறங்கி, கோட்டைத் தாண்டிப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன் தம்பி. இரண்டு பேரும் அழுதோம்.

மறுநாள் காலை அவள் கையைப் பிடித்துக்கொண்டு பூங்காவுக்குப் போனேன். பஸ்ஸில் ஏறினேன். வாயைத் திறக்கச் சொன்னார்கள், கண்ணாடி விட்டுப் பார்த்தார்கள், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே தொண்டையில் ஒரு துணுக்குச் சதையை எடுத்துப் பார்த்ததில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. டாக்டர் என்னைவிட உன் அக்காவைப் பார்த்துத்தான் பேசினார். "ரொம்பச் சின்னதா இருக்கும்போதே வந்துட்டீங்கம்மா. கதிர்வீச்சு சிகிச்சை போதும், குரலும் திரும்ப வந்துடும். அதுவரைக்கும் இவர் அதிகம் பேசக் கூடாது." கடைசி வாக்கியத்தைக் கேட்டபோது அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

கட்டில் பழைய அறைக்குப் போய்விட்டது. தையல்காரரும் சொல்லாமலே மெஷினை ஜன்னலோரம் திருப்பிக்கொண்டார். சிகிச்சை அடுத்த வாரம் தொடங்குகிறது, முடிந்தால் நீ வந்து அக்காவோடு கொஞ்ச நாள் இரு. வரும்போது உன் ஊருக்கு அந்த பஸ் ஏன் வருவதில்லை என்று விசாரித்துக்கொண்டு வா.

நேற்று கணக்கெடுக்கும் அம்மாளே வந்து என்னைப் பதிந்துகொண்டார். விலாசத்தைப் பார்த்துவிட்டு, "உங்க வீடுதான் ரெண்டு வார்டுலயும் இருக்கே சார், எதுல போடட்டும்?" என்று கேட்டார். பேசக் கூடாது அல்லவா, கையை நீட்டிக் கிழக்கே காட்டினேன். அடுத்த வருடம் படம் வரும்போது எங்கள் வார்டு இன்னும் ஒரு பொட்டு சிவந்திருக்கும். யாராவது பார்த்துப் பயந்தால், 'அந்தப் பொட்டு என் அத்தான், பூங்காவில் நடந்துகொண்டிருக்கிறார்' என்று சொல்.