குர்லா மிளகாய், தாணே மிளகாய்

பம்பாயில் எத்தனை லட்சம் நாக்கு இருக்கிறதோ தெரியாது. அதில் வேலை பார்த்த நாக்கு ஒன்றுதான். அது ஸ்டேஷன் அண்ணாச்சியுடையது. மற்றதெல்லாம் சாப்பிடவும் பேசவும்தான்.

எனக்கு தாராவியில் மசாலா இடிக்கிற மிஷின். கொஞ்சம் மிளகாயும் விற்கிறேன். அண்ணாச்சி ஒரு ஸ்டேஷன் பேரைச் சொல்லாமல் இந்தப் பக்கத்துக் கடைக்காரர்கள் யாரும் மிளகாய்ச் சாக்கு எடுப்பதில்லை. அவர் கணக்கு இதுதான். சாக்கிலிருந்து ஒரு மிளகாயை எடுப்பார். சயானில், எல்லா ஸ்டேஷனிலும் நிற்கிற கல்யாண் ஸ்லோ வண்டி ஏறுவார். கதவு மூடாத அந்த வண்டியில் ஓரமாக நின்று மிளகாயைக் கடிப்பார். தண்ணீர் கிடையாது, பேச்சு கிடையாது. எரிச்சல் எந்த ஸ்டேஷனில் நிற்கிறதோ அதுதான் அந்த மிளகாயின் காரம்.

காஷ்மீரி என்றால் அடுத்த ஸ்டேஷனான குர்லா. நிறம்தான், காரம் இல்லை. பேட்கி வித்யாவிஹார். ராமநாதபுரத்து முண்டு காட்கோபர், ஆனால் வாசனை முலுந்து வரை வரும் என்பார். சங்கேஸ்வரி விக்ரோலி. குண்டூர் பாண்டூப். லவங்கி என்று ஊசி மாதிரி ஒன்று உண்டு. அது தாணே. அசாமிலிருந்து யாரோ கொண்டுவந்த ஒரு மிளகாய்க்கு அவர் கல்யாண் போய், அதே வண்டியில் திரும்பி, ஏறின சயானையும் தாண்டி தாதர் வரை வந்தார். அப்புறம் இரண்டு நாள் அவரைப் பார்க்கவில்லை.

"வண்டி லேட்டானா என்ன பண்ணுவீரு அண்ணாச்சி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சிக்னல்ல நின்னா மிளகா மேல என்னவே தப்பு? அத கழிச்சிருவேன்."

ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக், தண்டவாள வேலைக்காகப் பாதி வண்டிகள் ஓடாது. அன்றைக்கு எந்த மிளகாய்க்கும் மார்க் போடமாட்டார்.

ஒரு தடவை டிக்கெட் பார்க்கிற டி.சி. வந்து பாஸ் கேட்டிருக்கிறார். அண்ணாச்சி வாயைத் திறக்கவில்லை. பாஸை ஒரு கையிலும் மிளகாயை ஒரு கையிலும் நீட்டினார். டி.சி.க்கு என்ன தோன்றியதோ, "க்யா ஹை யே?" என்று மிளகாயை வாங்கிக் கடித்துவிட்டார். காஞ்சூர்மார்க்கில் இறங்கி ஓடியவர் அப்புறம் அண்ணாச்சியிடம் பாஸ் கேட்டதில்லை.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டு கேட்டவன்தான் நானும். போன வைகாசியில் சிரிப்பு நின்றது.

சீத்தா கேம்பில் இருக்கும் ஜீனத்தை லாத்தா, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவோம். வீட்டில் டப்பாச் சோறு கட்டி விற்று நாலு பிள்ளைகளை வளர்த்தவர். விக்ரோலியில் ஒரு கம்பெனி கேன்டீனுக்கு மசாலா போட முதல் தடவையாகக் கேட்டிருந்தார்கள். திங்கட்கிழமை சமைத்துப் பார்ப்பார்கள். பிடித்தால் வருஷம் முழுக்க ஆர்டர். நல்ல சிவப்பாக இருக்க வேண்டும், எரியக் கூடாது. முன்னால் போட்டவனை எரிந்ததற்காகத்தான் நிறுத்தினார்கள்.

லாத்தா காஷ்மீரியும் பேட்கியும் வறுத்துக் கொண்டுவந்தார். சனிக்கிழமை காலையில் இடித்தேன். எப்போதும் ஒரு ஈடு முடிந்ததும் உரலைத் துடைத்து, ஒரு கை கல்லுப்பு போட்டு இடித்துக் கொட்டிவிட்டுத்தான் அடுத்தது. அன்றைக்குக் கரண்ட் போய் வந்தது. வரிசையில் பெண்கள் சத்தம். மறந்துவிட்டேன். அதற்கு முந்தின ஈடு ஒரு ஓட்டலுக்கு இடித்த லவங்கி. உரலின் அடியில் எவ்வளவு நின்றது என்று தெரியாது.

லாத்தாவிடம் மறைக்கவில்லை.

"நக்கிப் பாத்தா தெரியாதா தம்பி?"

நக்கினேன். இருபது வருஷம் மிளகாய்த் தூசியில் இருக்கிறேன். என் நாக்கைத் தோல் பட்டறைக்குக் கொடுக்கலாம். அண்ணாச்சிக்கு ஆள் அனுப்பினேன். மறுநாள் மெகா பிளாக். சனிக்கிழமை ஒன்றுதான் கையில் இருந்தது.

மூன்று பேரும் வண்டி ஏறினோம். அண்ணாச்சி ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார். எரிச்சல் வித்யாவிஹாரில் நிற்க வேண்டும். நிற்கவில்லை. காட்கோபரில் லாத்தா கேட்டார். "எறங்கிருச்சா அண்ணாச்சி?" அவர் விரலை மட்டும் ஆட்டினார். பாண்டூப் போனது. முலுந்தில் கண்ணைத் திறந்தார்.

லாத்தா பிளாட்பாரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"எந்திரி தங்கச்சி. போன வண்டி திரும்பி வரும்லா? இதையும் கூட்டியாருவோம்."

என் கடையிலிருந்து காஷ்மீரி எடுத்து இடித்துச் சேர்த்தோம். மறுபடி வண்டி. பாண்டூப். இன்னும் காஷ்மீரி. விக்ரோலி. இன்னும் கொஞ்சம் காஷ்மீரி. அவர் உதடு வீங்கிவிட்டது. கண் சிவந்துவிட்டது. ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. நாலாவது தடவை வண்டி குர்லா வந்ததும் கண்ணைத் திறந்தார்.

"ஒண்ணும் தெரியல."

எனக்குச் சந்தோஷம். "குர்லாவுலயே நின்னுட்டா?"

"நின்னது மிளகா இல்லவே. நாக்கு."

அவர் குரல் நடுங்கி அன்றுதான் கேட்டேன். லாத்தா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

சயானுக்குத் திரும்பினோம். மணி நாலரை. அண்ணாச்சி பெஞ்சில் உட்கார்ந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீரு வாயில போடும்."

"எனக்கு நாக்கே கெடையாது அண்ணாச்சி."

"நாக்க யாரு கேட்டா? காதக் குடும்."

வண்டி கிளம்பியதும் நான் பொடியைப் போட்டேன். அவர் என் காது மடலை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டார். வண்டியில் எல்லோரும் பார்த்தார்கள். ஒருத்தர், "ஜேப் காட்டா க்யா?" என்று கேட்டார். பிக்பாக்கெட்டைப் பிடித்திருக்கிறார் என்று நினைத்திருப்பார். அண்ணாச்சி திரும்பவில்லை. என் வாய்க்கு ஒன்றும் தெரியவில்லை. காது மட்டும் கொதித்தது. வித்யாவிஹார் வந்து வண்டி நின்றது. மறுபடி நகர்ந்தது. அவர் விரலை எடுத்தார்.

"ஆறிட்டு. கட்டிக் குடும்."

நாக்கு செத்த மனுஷன் இன்னொருத்தன் காதில் காரம் படித்தார். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நானும் நம்பச் சொல்வதில்லை.

திங்கட்கிழமை லாத்தாவுக்கு ஆர்டர் கிடைத்தது. அன்றைக்கு மத்தியானம் கம்பெனி வாசலில் ஒரு பெரியவர் வெயிலில் ஒரு மணி நேரம் நின்றாராம். சாப்பிட்டு வெளியே வருகிறவர்கள் காதையே பார்த்துக்கொண்டிருந்தாராம். வாட்ச்மேன் லாத்தாவிடம் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அண்ணாச்சி சொல்லவில்லை.

அவர் நாக்கு திரும்ப நாலு நாள் ஆயிற்று. தினமும் காலையில் வந்து ஒரு காஷ்மீரியைக் கடித்துப் பார்ப்பார். தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். சீசன் நேரம். கடையில் ஆறு சாக்கு பிரிக்காமல் கிடந்தது. மாட்டுங்காவில் ஒருத்தர் நன்றாகக் காரம் பார்ப்பார், கூப்பிடட்டுமா என்று பக்கத்துக் கடைக்காரர்கள் கேட்டார்கள்.

ஓடிக்கொண்டிருந்த மிஷினை ரிப்பேர் என்று சொல்லிவிட்டேன்.