மலைநாகத்துக்கு நாற்பது உயிர்

நோட்டீஸ் போர்டில் தன்னுடைய விளையாட்டு ஒட்டியிருப்பதைப் பார்த்த சண்முகப்பிரியாவுக்கு, வாயிலிருந்த பன் தொண்டையைவிட்டு இறங்கவில்லை.

அவள் டைப் செய்த அதே தாள்தான். கீழே மட்டும் புதிதாக மேனேஜர் பொன்னுச்சாமியின் பச்சை மைக் கையெழுத்து, அதன்மேல் கம்பெனி முத்திரை. நெருப்பெரிச்சல் என்ற ஊரில் இருந்த அந்தப் பனியன் கம்பெனியில் முத்திரை விழுந்துவிட்டால் அது சட்டம். எதன்மேல் விழுந்தது என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

சண்முகப்பிரியாவுக்கு அங்கே ஐ.ஈ. வேலை. எந்த மெஷினுக்கு எத்தனை ஆள், எந்தத் தையலுக்கு எத்தனை நொடி என்று ஸ்டாப்வாட்சும் கையுமாக அலையவேண்டும். ஞாயிற்றுக்கிழமையானால் நண்பன் நிதிஷ் வீட்டு மாடிக்குப் போய்விடுவாள். அங்கே நாலு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, இருபது முகப் பகடையை உருட்டி, கதை சொல்லியே ஆடுகிற ஆட்டம் ஒன்று நடக்கும். வீரன், மந்திரவாதி, வைத்தியன், திருடன் என்று வேடங்கள் எல்லாம் எவனோ எங்கேயோ உட்கார்ந்து எழுதி வைத்தவை. அதில் தன் சொந்த வேடம் ஒன்றைச் சேர்க்க வேண்டுமென்று ஆறு மாதமாக மல்லுக்கு நின்றாள். அந்த வேடத்தின் பெயர் ‘செக்கர்’.

“டேபிள்ல நின்னு பனியன்ல ஓட்டை பாக்குற அக்காவா?” என்று நேற்றுகூட நிதிஷ் சிரித்தான். “கையில வாள் இல்ல, மந்திரம் இல்ல. அவங்க எப்படி ஆட்டத்துல எதிரியா வர்ற மலைநாகத்தை ஜெயிப்பாங்க?”

“நாகத்துக்கு நாப்பது உயிரு. அது கத்துறப்பெல்லாம் ஒண்ணு கொறையும். முதல் பக்கத்துல எழுதியிருக்கேன், படி.”

“கத்தினா கத்துனவனுக்கே உயிர் போகுமா? எந்த ஊர்ல?”

“எங்க ஊர்ல.”

“பலம் ஒரு பக்கமாச் சாயுது பிரியா. நாலு பேரு ஒரு வாரம் ஆடிப் பாக்கட்டும். உடையாம நின்னா சேத்துக்கறேன். இல்லீன்னா இந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது.”

வந்த கோபத்தில் இன்று காலை எட்டு மணிக்கே ஆபீசுக்கு வந்து, இரண்டு பக்கத்தையும் பிரிண்ட் கொடுத்தாள். பழக்க தோஷம் பாருங்கள், கம்பெனித் தாள் எப்படி இருக்குமோ அப்படியே எண் போட்டு, திருத்தம் பூஜ்யம் என்று போட்டு, கட்டம் கட்டி அடித்திருந்தாள். கட்டிங் செக்‌ஷனில் கூப்பிட்டார்கள் என்று பத்து நிமிடம் போய்விட்டு வந்தால், பிரிண்டர் காலி. பக்கத்தில் வைத்திருந்த பகடையையும் காணோம்.

இரண்டாம் பக்கம் போர்டில் இருந்தது. முதல் பக்கம் எங்கே போனதென்று தெரியவில்லை.

“ஏம்மா பிரியா, செக்கிங் செக்‌ஷனுக்கு ரூல்ஸ் எழுதுன்னு மூணு வாட்டி சொன்னேன். சத்தமில்லாம எழுதி வெச்சுட்டியே!” பொன்னுச்சாமி முகமெல்லாம் பல்லாக நின்றார். “ஸ்கேன் பண்ணி, நம்ம சரக்கு வாங்குற பையருக்கும் அனுப்பியாச்சு. ரொம்ப நல்லா இருக்குதுன்னு பதில் வந்துருச்சு. வெள்ளிக்கிழமை ஆடிட்டுக்கு வாராங்கல்ல, இதைத்தான் முதல்ல பாப்பாங்களாம். பதினெட்டு வருசத்துல என்னை ஒருத்தரும் பாராட்டுனதில்லைம்மா.”

அது விளையாட்டுங்க சார் என்று அந்த நிமிடமே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அந்த நிமிடமே வேலையும் போயிருக்கும். சண்முகப்பிரியா பன்னை விழுங்கினாள்.

போர்டுக்கு முன்னால் செக்கிங் பெண்கள் பதினெட்டுப் பேரும் கூடிவிட்டார்கள். பொங்கலூரிலிருந்து கம்பெனி வேனில் வருகிற நஞ்சம்மாள் சத்தமாக வாசித்தாள்.

“செக்கர் தன்மேல் வரும் எதையும் ‘ரிஜெக்ட்’ என்று சொல்லித் திருப்பி அனுப்பலாம். ஒரு நாளைக்கு மூன்று முறை. ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு பத்து நிமிடம் ஓய்வு. செக்கர் ‘ஏன்’ என்று கேட்டால், எதிரில் நிற்பவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் பதில் சொல்லாமல் நகரக்கூடாது.”

கடைசி வரியை அவளே இன்னொரு தடவை வாசித்தாள்.

“நல்லாத்தானுங்களே இருக்குது” என்றாள் நஞ்சம்மாள்.

பத்து மணிக்கெல்லாம் ஆரம்பித்துவிட்டது. சூப்பர்வைசர் முருகேஷ் வந்து, “இன்னிக்கு ஏழு மணி வரைக்கும் இருக்கோணும்” என்றான்.

“ரிஜெக்ட்டுங்க” என்றாள் நஞ்சம்மாள். “மூணுல ஒண்ணு ஆச்சு.”

மேனேஜரே நேரில் வந்தார். “ஏனுங்க சார், இந்த ஃபேன் மூணு மாசமா ஏன் ஓடுறதில்லீங்க?” என்று கேட்டாள் இன்னொருத்தி. அவர் நகரப் பார்த்தார். பதினெட்டுப் பேரும் ஒட்டுக்காகப் போர்டைக் காட்டினார்கள். தன் கையெழுத்துக்குத் தானே கட்டுப்பட்டு மனிதர் இருபத்தைந்து நிமிடம் அந்த ஓடாத ஃபேனுக்கு அடியில் நின்று வியர்த்தார். கடைசியில் கட்டடமே அதிரும்படி கத்திவிட்டு ஓடினார். செக்கிங்கில் வாயே திறக்காத பொன்னாத்தாள், பனியனில் குறை இருக்கிற இடத்தில் ஒட்டுகிற சிவப்பு ஸ்டிக்கர் ஒன்றை நிதானமாக உரித்தாள். அவள் கையில் பனியன் எதுவும் இல்லை. சண்முகப்பிரியா அதைப் பார்த்தாள். ஆனால் அவளுக்கு இருந்த கவலையில் அதெல்லாம் மண்டையில் ஏறவில்லை.

“பிரியா! இதைத் திருத்து!” என்றார் மேனேஜர். “எடுக்க முடியாது, பையர் பாத்தாச்சு. திருத்தலாம்.”

அவள் நிதிஷுக்கு போன் போட்டாள்.

“நான் சொல்லல? பலம் ஜாஸ்தி” என்றான் அவன். “மூணுங்கறதை ஒண்ணாக் கொற. ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு ஒண்ணுதான்னு தெளிவாப் போடு.”

செவ்வாய்க்கிழமை காலை திருத்தம் ஒன்று ஒட்டப்பட்டது. நேற்று வரைக்கும் அந்த மூன்று, மொத்தச் செக்‌ஷனுக்கும் சேர்த்துத்தான் என்று அந்தப் பெண்கள் பெருந்தன்மையாக நினைத்திருந்தார்கள். இப்போது ஆளுக்கு ஒன்று என்றால் பதினெட்டு. இரக்கமே இல்லாமல் முறை வைத்துச் செலவழித்தார்கள். கூடுதல் நேரம் ரிஜெக்ட் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை வேலை ரிஜெக்ட் ஆயிற்று. கேன்டீன் உப்புமாவைத் தட்டோடு திருப்பி அனுப்பினார்கள். மேனேஜர் ஒவ்வொன்றுக்கும் ஒரு கத்து கத்தினார்.

“பலத்துக்கு ஒரு விலை வெக்கோணும்” என்றான் நிதிஷ். அவனுக்கு இப்போது சுவாரசியம் தட்டிவிட்டது. “பயன்படுத்துனவங்க அடுத்த சுத்து முழுக்கச் சும்மா உக்காரணும். அப்ப யோசிச்சுத்தான் கை வெப்பாங்க.”

புதன்கிழமை திருத்தம் இரண்டு. ஒன்பதரை மணிக்கு மேனேஜர் வந்து பார்த்தால், ஆறு பேர் கையைக் கட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

“ஏம்மா, வேலை நேரத்துல என்ன உக்காந்திருக்கீங்க?”

“தண்டனைங்க சார்” என்றாள் நஞ்சம்மாள் மிகவும் பணிவாக. “தப்புப் பண்ணிட்டமுங்க. அனுபவிக்கோணுமில்லீங்க?”

“எந்திரிங்க!”

“அதெப்படிங்க சார், நீங்க கையெழுத்துப் போட்ட தண்டனையை நாங்க மீறுறது?”

அன்று மட்டும் மேனேஜர் எத்தனை முறை கத்தினார் என்று சண்முகப்பிரியா எண்ணவில்லை. அவளுக்குத் தூக்கம் போயிருந்தது. வெள்ளிக்கிழமை ஆடிட்டர் வந்து இந்தக் கூத்தைப் பார்த்து, இதை எழுதிய மகராசி யார் என்று கேட்டால் தீர்ந்தது கதை.

“எதிராளிக்கும் ஒரு சக்தி குடு” என்றான் நிதிஷ். “சூப்பர்வைசரும் மேனேஜரும் ஒரு நாளைக்கு ஒரு தடவை உத்தரவு போடலாம். அதை யாரும் ரிஜெக்ட் பண்ண முடியாது. இப்ப சமமாயிரும் பாரு.”

வியாழக்கிழமை திருத்தம் மூன்று. மேனேஜர் அதை வாசித்துவிட்டு மீசையைத் தடவிக்கொண்டார். செக்கிங் பக்கம் போகிற அவசரத்தில், வாசலில் வண்டியைக் குறுக்கே நிறுத்தியிருந்த வாட்ச்மேனைப் பார்த்து, “எடுய்யா அதை!” என்று கத்தினார். வாட்ச்மேன் எடுத்துவிட்டான். மேனேஜரின் ஒரே உத்தரவு அதோடு தீர்ந்துபோயிற்று.

மிச்சமிருந்தது முருகேஷின் உத்தரவு. அவனோ டீ நேரத்தில் எல்லாரும் பார்க்க நெஞ்சை நிமிர்த்தி, “அல்லாரும் சூடு ஆறுறதுக்குள்ள டீயைக் குடிங்க! இது என்னோட உத்தரவு!” என்று முழங்கிவிட்டான். பதினெட்டுப் பேரும் அடிபணிந்து குடித்தார்கள்.

இவ்வளவு பெரிய மடையனா இவன் என்று சண்முகப்பிரியா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

பன்னிரண்டரைக்கு மேனேஜர் ரூமிலிருந்து அழைப்பு வந்தது.

“போதும்” என்றார் அவர். கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. “அந்தத் தாளைக் கிழி. பையரு கேட்டா பழைய தாளு, தப்பா அனுப்பிட்டோம்னு சொல்லிக்கலாம். ஓய்வும் கிடையாது, ஒண்ணும் கிடையாதுன்னு நீயே போயி அவங்ககிட்டச் சொல்லு. சொல்லலீன்னா நாளையிலிருந்து நீ வரவேண்டாம்.”

சண்முகப்பிரியா தலையை ஆட்டிவிட்டு வெளியே போயிருக்கவேண்டும். வேலை வேண்டுமென்றால் அதுதான் வழி. ஆனால் ஆறு மாதம் ராவும் பகலுமாக யோசித்து எழுதியதைத் தன் கையாலேயே கிழி என்றதும் அவளால் தலையை ஆட்ட முடியவில்லை.

“ரிஜெக்ட்டுங்க சார்.”

“என்ன?”

“கிழிக்கமாட்டேனுங்க. போன வாரம் செக்கிங்கைத் தாண்டிப் போன ஓட்டைப் பீஸு நாப்பத்தேழு. இந்த வாரம் பத்து நிமிசம் ஓய்வு குடுத்ததுல ஒண்ணுகூடத் தப்பலை. ஷிப்மென்ட்டும் நிக்கலை. நான் கடிகாரம் வெச்சுப் பாத்துட்டுத்தான் பேசறேன். அதை நான் விளையாட்டுக்குத்தான் எழுதினேன், ஒத்துக்கறேன். என்ன தப்பு இருக்குது அதுல? காட்டுங்க பாக்கலாம்.”

“விளையாட்டா?”

“ஆமாங்க. பகடை உருட்டுற விளையாட்டு.”

கட்டியிருந்த தொண்டை திறந்துகொண்டது. ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. “என் கையெழுத்தை விளையாட்டுத் தாளுல வாங்கியிருக்கே! போ! போயி அவங்ககிட்ட உண்மையைச் சொல்லிட்டு வா! அப்புறம் உன் கணக்கைத் தீத்து அனுப்பறேன்!”

வேலை போனாலும் அவளுக்கு மனசு லேசாக இருந்தது. செய்ததைச் செய்தாயிற்று. இனி அந்தப் பெண்களிடம் உண்மையைச் சொல்வதுதான் மரியாதை. என்ன சொல்லுவார்கள்? எங்களை வெச்சு விளையாடிட்டீங்களே கண்ணு என்று காறித் துப்பினாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

செக்கிங் செக்‌ஷனில் சாப்பாட்டு நேரம். வழக்கம்போல எல்லாரும் கடைசி டேபிளைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்து என்னத்துக்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் வருவதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. நஞ்சம்மாள் டிபன் மூடியை எதன்மேலோ கவிழ்த்தாள்.

“அக்கா, ஒண்ணு சொல்லோணும். போர்டுல இருக்கறது சட்டமே இல்லீங்க. நான் எழுதுன விளையாட்டு. சார் அறியாம ஒட்டிட்டாரு. நானும் பயந்துக்கிட்டு நாலு நாளாச் சொல்லாம இருந்துட்டேன். கிழிக்கச் சொன்னாரு, மாட்டேன்னுட்டேன். என்னை வேலையை விட்டு அனுப்பறாருங்க.”

பதினெட்டுப் பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அனுப்பறதுக்கு அவரு யாருங்க?” என்றாள் நஞ்சம்மாள். “இன்னிக்கு ஒருத்தியும் ரிஜெக்ட்டைச் செலவு பண்ணலீங்க கண்ணு. பதினெட்டும் அப்படியே இருக்குது. உங்களை அனுப்புன உத்தரவு மேல ஒட்டுக்காப் போட்டறமுங்க. நாளைக்கும் போடுவோம், ஆடிட்டரு வாரப்ப அல்லாரும் தண்டனையில உக்காந்திருப்போம்.”

சண்முகப்பிரியாவுக்குக் கண் கலங்கியது. “அக்கா, நான் சொல்றது புரியலீங்களா? அது வெறும் விளையாட்டு.”

நஞ்சம்மாள் டிபன் மூடியை எடுத்தாள். அடியில் ஒரு தாள் விரித்திருந்தது. காணாமல்போன முதல் பக்கம். மலைநாகம் என்ற தலைப்புக்குக் கீழே வரிசை வரிசையாகச் சிவப்பு ஸ்டிக்கர்கள். பொன்னாத்தாள் இன்னொன்றை உரித்து, ஜன்னல் அதிர்ந்த அந்தக் கத்தலுக்காக வரிசையின் கடைசியில் ஒட்டினாள்.

வட்டத்துக்கு நடுவிலிருந்து, கையில் இருபது முகப் பகடையோடு, முருகேஷ் எழுந்தான்.

“மேடம், சிரமம் பாக்காமத் திரும்பப் போயி அவரை இன்னும் ரெண்டே ரெண்டு தடவை கத்த வெச்சுட்டு வாங்க, முப்பத்தெட்டு உயிரு போயிருச்சுங்க.”