பியர் டின்னில் எடுத்த படம் பற்றிய ஆட்சேபணை

பதிவுத் தபால்

சி. இராசலிங்கம்,
ஓய்வுபெற்ற தபாலதிபர்,
பலாபத்வல, மாத்தளை.
14.07.2025

கலாநிதி உமாசுதன் அவர்கள்,
தலைவர், புகைப்பட முதுகலைப் பிரிவு,
டிஜிட்டல் கலைக் கல்லூரி,
கொழும்பு.

மதிப்புக்குரிய ஐயா,

தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் சுகமாக இருக்க வேண்டுமென்று முறைப்படி விரும்புகிறேன். எங்கள் சுகம் எப்படி என்பது கீழே வருகிறது.

நான் தங்கள் பிரிவில் இரண்டாம் வருடம் படிக்கும் வாகினியின் தகப்பன். அவள் சமர்ப்பித்த இறுதிப் படத்தைப் பார்த்த தங்கள் பரீட்சகர், "வெவ்வேறு இரண்டு படங்களைக் கணினியில் ஒட்டித் தயாரித்ததாகத் தோன்றுகிறது, மாணவியின் விளக்கம் திருப்தியாக இல்லை" என்று அறிக்கை எழுதி, பெறுபேற்றை நிறுத்திவைத்து, இம்மாதம் 28ஆம் திகதி விசாரணைக்கு வரச் சொல்லியிருக்கிறார். அங்கே மோசடி என்று முடிவானால் பட்டம் கிடையாதாம். மோசடி என்ற சொல் எங்கள் வீட்டு விலாசத்துக்கு வந்தது இதுதான் முதல் தடவை. முப்பத்திரண்டு வருடம் ஊராருடைய கடிதங்களைக் கையில் வைத்திருந்தவன் நான். ஒரு உறையைக்கூட வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவன் பெற்ற பிள்ளை ஒட்டுப்போட்ட படம் கொடுப்பாளா என்று யோசிக்க உங்கள் பரீட்சகருக்கு ஒரு நிமிடம் கிடைக்கவில்லை.

முதலில் அடிப்படையான ஒரு விஷயம். உங்கள் கல்லூரியின் பெயரில் டிஜிட்டல் என்று இருக்கிறது. அதை நம்பித்தான் பிள்ளையை அனுப்பினோம். முதல் வருடம் நல்ல கெமரா வேண்டும் என்றீர்கள், வாங்கிக் கொடுத்தோம். அதற்கு ஒரு லென்ஸ் வேண்டும் என்றீர்கள், கூரைத் தண்ணீர் இறங்குகிற பீலிக்குழாய் நீளத்துக்கு ஒன்று வந்தது. இரண்டாம் வருடம் முடிகிற நேரத்தில் மகள் வீட்டுக்கு வந்து, "அப்பா, கடைசி வேலைக்கு கெமரா தேவையில்ல, மூணு பியர் டின் இருந்தாப் போதும்" என்கிறாள். டின்னில் ஊசியால் ஒரு துளை போட்டு, உள்ளே படத்தாளை வைத்து, கறுப்பு டேப் சுற்றி, கிழக்கே பார்க்கக் கட்டிவிட்டால் மார்கழி தொடங்கி ஆனி வரைக்கும் தினமும் சூரியன் ஏறுகிற பாதை கோடு கோடாக அந்தத் தாளில் விழுமாம். ஆறு மாதத்துக்கு ஒரே ஒரு படம். சந்தியில் இருக்கிற ஸ்டூடியோவில் போய் உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் நான்கு பிரதி கையில் தருகிறார்கள், அவர்கள் ஒருவரும் முதுகலை படிக்கவில்லை.

மகள் கொழும்பில் இருந்ததால் டின் தேடும் வேலை என் தலையில் விழுந்தது. நான் வாழ்க்கையில் ஒரு சொட்டு குடித்தவனல்ல, எங்கள் பிள்ளையார் கோயில் பரிபாலன சபையின் செயலாளர். அப்படிப்பட்ட நான் மாத்தளை டவுனில் வைன் ஸ்டோர்ஸுக்குப் பின்னால் குனிந்து, நசுங்காத டின்னாகப் பார்த்துப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தால், எதிரில் கிருஷ்ணம்மா நிற்கிறார். கோயிலில் பூ கட்டிக் கொடுக்கிறவர். "ஐயா, நீங்களா?" என்றார். "மகளோட படிப்புக்கு" என்றேன். அவர் வீதியைக் கடந்து போய்விட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை பூசையில் எல்லோரும் என்னிடம் மிகவும் அன்பாகப் பேசினார்கள். என் மனைவி மீனாம்பிகையிடம், "பென்சன் எடுத்த பிறகு சில பேருக்கு இப்பிடி வர்றதுதான், பக்குவமா சொல்லித் திருத்துங்க" என்று மூன்று பேர் ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள்.

மூன்று டின்னில் முதலாவதை A9 வீதியோரம் பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்து மரத்தில் மகள் கட்டினாள். நான்காம் நாள் யாரோ புண்ணியவான் குண்டு என்று பொலிசுக்கு அறிவித்து, அவர்கள் மணல் மூட்டையோடு வந்து, யாழ்ப்பாணம் போகிற பஸ் உட்பட ஒரு மைல் தூரத்துக்கு வாகனங்களை நிறுத்திவிட்டார்கள். நான் வியர்த்து விறுவிறுத்து ஓடிப்போய் அது எங்களுடையது என்றேன். சார்ஜன்ட் சிங்களத்தில் கேட்டார், "ஐயா, இதுக்குள்ள என்ன இருக்கு?" நானும் சிங்களத்திலேயே, "படம் எடுக்கிற தாள் சேர்" என்றேன். "எப்ப எடுத்து முடியும்?" "ஜூன் மாசம் இருபத்தோராந் திகதி." அவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "வீட்டுல வேற யாராச்சும் இருக்காங்களா?" என்றார். மீனாம்பிகை வந்துதான் என்னைக் கூட்டிப் போனாள். டின் பொலிசில் இருக்கிறது.

இரண்டாவதை பல்லேபொலையில் மனைவியின் அண்ணன் தோட்டத்தில் கராம்பு மரத்தில் கட்டினோம். குரங்குகள் மூன்று வாரம் ஒன்றும் செய்யாமல் விட்டன. அது பெருந்தன்மை என்று நினைத்தோம். நாலாவது வாரம் ஒன்று அதைக் கழற்றி, டேப்பை உரித்து, தாளை எடுத்து இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கிழித்துப் போட்டதாம். உங்கள் பரீட்சகராவது கிழிக்கவில்லை, அதற்கு நன்றி.

ஆக மிஞ்சியது ஒன்றே ஒன்று. மேல்மாடி கட்டலாமென்று கொங்கிறீட் போட்டு, அதற்குமேல் ஒன்றும் கட்டாமல் விட்ட எங்கள் மொட்டைமாடியில், தூணில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியில் மூன்று கேபிள் டை போட்டு இறுக்கியது. மகளின் பட்டம் முழுவதும் அந்த டின்னுக்குள் இருந்தது என்று சொன்னால் மிகையில்லை. "அப்பா, இதை மட்டும் பார்த்துக்கோங்க, ஆரும் தொடாம" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள். அன்றிலிருந்து நான் தினமும் காலையில் மேலே போய்ப் பார்த்தேன். தை மாதத்தில் கோடுகள் விட்டுப்போயிருப்பது ஏன் என்று பரீட்சகர் கேட்டிருக்கிறார். பாதி நாள் மழை. மீதி, மீனாம்பிகை அந்தக் கம்பியில் கொடி கட்டிச் சேலை காயப்போட்டுவிட்டாள். நான் கவனிப்பதற்குள் ஒரு வாரம் போய்விட்டது. இதில் மோசடி எங்கே வந்தது?

அது போதாதென்று பக்கத்து வீட்டு பலீல் ஹாஜியார் ஒருநாள் வேலியோரம் வந்து நின்றார். முப்பது வருடமாக மிளகும் சாதிக்காயும் வியாபாரம் பண்ணுகிறவர், அதிர்ந்து பேசமாட்டார். "போஸ்ட்மாஸ்டர் ஐயா, குறை நினைக்க வேணாம். மேல கெமரா பூட்டியிருக்கீங்களாம், எங்கட குசினிப் பக்கம் பார்த்துக்கிட்டு. மகள் ஸில்மியா முக்காடு போடாம தேத்தண்ணி ஊத்தவும் ஏலாம இருக்கா" என்றார். நான் பதறிப்போய், ஐயோ ஹாஜியார், அது கெமரா இல்லை, வெறும் பியர் டின் என்றேன். நோன்பு தொடங்கி இரண்டாவது நாள் அது. அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் நான் சொன்னது எனக்கே விளங்கியது. கையைப் பிடித்து மேலே கூட்டிப் போய்க் காட்டி, மகளிடம் போனில் பேசவைத்து ஒரு வழியாகச் சமாளித்தேன். ஆனால் மனிதர் தங்கமானவர். அன்று பின்னேரமே கஞ்சி வந்தது. பெருநாள் முடிந்த பிறகும், "படம் எவ்வளவு தூரம் வந்திருக்கு?" என்று விசாரித்துக்கொண்டே இருந்தார். அந்த அக்கறை உங்கள் கல்லூரியில் ஒருவருக்கும் இல்லை.

இப்போது அறிக்கைக்கு வருகிறேன். மார்ச் மாத நடுவிலிருந்து சூரியக் கோடுகள் திடீரென்று இடம் மாறியிருக்கின்றனவாம். கிழக்கே உள்ள மலை இரண்டு மலையாகத் தெரிகிறதாம். முதல் பாதியில் இல்லாத நாற்காலி ஒன்று ஓரத்தில் மங்கலாக இருக்கிறதாம். ஐயா, ஊசித் துளையால் எடுத்த படத்தில் நாற்காலியைக் கண்டுபிடிக்கிறவர் வேண்டுமென்றால் யானையையும் கண்டுபிடிப்பார். அது பூஞ்சணக் கறையாக இருக்கலாம். நேர்முகத்தில் மகள், "காத்தா இருக்கலாம் சேர்" என்றாளாம். பரீட்சகர் சிரித்தாராம். பலாபத்வலையில் அடிக்கிற காற்றைப் பற்றிக் கொழும்பில் ஏசி அறைக்குள் இருப்பவருக்கு என்ன தெரியும்? அந்த டின்னை ஒருவரும் அசைக்கவில்லை என்பதை நான் பொறுப்போடு அறிவிக்கிறேன். எனவே அறிக்கையை வாபஸ் பெற்று, பெறுபேற்றை வெளியிட்டு, என் மகளிடம் எழுத்தில் மன்னிப்புக் கேட்கும்படி வேண்டுகிறேன். தவறினால் பத்திரிகைகளுக்கு எழுதுவேன். முத்திரைகள் கைவசம் உள்ளன.

தங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு என் மனமார்ந்த ஆசீர்வாதங்கள். பரீட்சகருக்குரிய ஆசீர்வாதத்தை மட்டும் இப்போதைக்கு நிறுத்திவைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பணிவும் கோபமும் ஒருங்கே உள்ள,
சி. இராசலிங்கம்

பி.கு.: ஒட்டிய உறையை நானே பிரித்து இதை எழுதுகிறேன். ஒருவரும் அசைக்கவில்லை என்று மேலே எழுதியதைத் தயவுசெய்து வெட்டிவிடவும். அசைத்தது நான்.

மார்ச் மாதம் மகள் ஒரு சனி ஞாயிறு வந்திருந்தபோது, தினமும் மேலே போய் நிற்கிறேனே, நானும் படத்தில் விழுவேனா என்று கேட்டேன். "ஆட்கள் விழ மாட்டாங்கப்பா. நடமாடுற எதுவும் அதுக்குத் தெரியாது. ஒரே எடத்துல கிடக்கிறதுதான் விழும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. எதிர்வீட்டுத் தண்ணீர்த் தாங்கி விழும், காவல் காக்கிற தகப்பன் விழமாட்டான். அவள் பஸ் ஏறிய பிறகு டின்னை இரண்டு விரல் அளவுக்கு வடக்கே திருப்பி, பிளாஸ்டிக் நாற்காலியை அதன் பார்வையில் போட்டு, அடுத்த நாள் முதல் காலை ஆறரையிலிருந்து எட்டு மணி வரை உட்கார்ந்தேன். தொண்ணூற்றேழு நாள். அதில் இரண்டு நாள் கண் கிளினிக்குக்காகக் கண்டிக்குப் போனேன்.

ஜூன் 21ஆம் திகதி மகள் வந்து, அறையில் திரைச்சீலையை மூடிக்கொண்டு தாளை ஸ்கேன் பண்ணினாள். நாற்காலி விழுந்திருந்தது. நான் விழவில்லை. அவள் மேலே போய், நாற்காலியைக் கீழே எடுத்து வந்து துடைத்து வைத்துவிட்டு, எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்தாள். மூன்று கேபிள் டை போட்ட டின்னைத் திருப்புகிற காற்று எங்கள் ஊரில் அடிப்பதில்லை என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். பட்டம் போனாலும் பரவாயில்லை என்று எனக்காகத்தான் காற்று என்றாள். அதை நினைத்துத்தான் உறையைப் பிரித்தேன் ஐயா.

ஆகையால் 28ஆம் திகதி விசாரணைக்கு அவளுக்குப் பதிலாக என்னைக் கூப்பிடவும். முதல் பஸ்ஸில் வருவேன். வரும் மார்கழியில் அவள் இன்னொரு டின் கட்டப்போவதாகச் சொல்கிறாள். ஒரு மனிதன் அந்தப் படத்தில் விழ வேண்டுமானால் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் அசையாமல் இருக்க வேண்டும் என்பதை மறுதபாலில் அறியத் தரவும்.